பிள்ளைகளும் நாட்குறிப்பும்

ஆண்டு முடிவிலே புத்தகக் கடைகளில் நாட்குறிப்பேடுகள் அடுக்கடுக்காக வந்து குவிகின்றன. பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கின்றனர். ஜனவரி முதலாந் திகதிப் பக்கம் நிறைய எழுதப்படுகின்றது. இரண்டாந் திகதி அரைப்பக்கம். தைப்பொங்கல் வருமுன்னரே ஏடு மேசை மூலைக்குப் போய்விடுகின்றது. “பிள்ளைக்கு ஒன்றிலும் நிலையான முயற்சி இல்லை” என்று பெற்றோர் குறைப்படுகின்றனர். குறை பிள்ளையிடத்தில் மட்டுந்தானா என்பது சிந்திக்கத்தக்கது.

பாடசாலையிலே நாட்குறிப்பு எழுதி வரும்படி பணித்தால், பெரும்பாலான பிள்ளைகள் எழுதி வருவது ஒரே மாதிரியாக இருக்கும். காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், தேநீர் அருந்தினேன், பாடசாலைக்குச் சென்றேன், மாலையில் விளையாடினேன், இரவு உறங்கினேன். மறுநாளும் அதுவே, அதற்கு மறுநாளும் அதுவே. இதிலே பொய் ஒன்றுமில்லை. ஆனால் உயிரும் இல்லை. அன்று உயிர்த்தோழனோடு சண்டையிட்டிருக்கலாம். கணக்கிலே குறைந்த புள்ளி பெற்று அதனை வீட்டில் மறைத்திருக்கலாம். அவற்றுள் ஒன்றேனும் ஏட்டிலே ஏறவில்லை. காரணம் எளிது. இதனை யார் படிக்கப் போகின்றார் என்பது பிள்ளைக்குத் தெரியும். ஆசிரியரின் சிவப்பு மையும் தாயின் கேள்வியும் எழுதுமுன்னரே அதன் கண்முன் நிற்கின்றன. ஆகவே, பிழை வராத வாக்கியத்தையும் கேள்வி எழாத செய்தியையும் அது தேர்ந்து எழுதுகின்றது.

கட்டுரைக்குத் திருத்தம் வேண்டும். அது ஆசிரியரின் கடமை. நாட்குறிப்போ கட்டுரையன்று. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிவதே பிள்ளைகளை நாட்குறிப்பு எழுதத் தூண்ட விரும்புவோர் முதலிற் செய்யவேண்டியது.

தமிழிலே நாட்குறிப்பு என்றதும் நினைவுக்கு வருபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை. 1709 இற் பிறந்த அவர் ஒரு வணிகர். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக விளங்கியவர். 1736 ஆம் ஆண்டு தொடக்கம் 1761 இல் அவர் மறையும் காலம்வரை அந்நாட்குறிப்பு நீள்கின்றது. எந்தக் கப்பல் வந்தது, எது புறப்பட்டது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரிடம் என்ன பேசினார் என்பவற்றையெல்லாம் தாம் கண்டபடியும் கேட்டபடியும் அவர் எழுதி வைத்தார். 1746 இற் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், 1748 இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் அவ்வேட்டில் இடம்பெற்றன. அவருடைய தமிழ் பண்டிதத் தமிழன்று. பிறமொழிச் சொற்கள் கலந்து அக்கால மக்கள் வாயில் வழங்கிய பேச்சுத் தமிழ். ஆயினும் 1904 க்கும் 1928 க்கும் இடையில் அந்நாட்குறிப்பு ஆங்கிலத்திலே பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. வரலாற்றாசிரியர்களும் மொழியாராய்ச்சியாளரும் இன்றும் அதனை நாடுகின்றனர். இலக்கணம் வல்லார் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லுக்குச் சொல் திருத்தியிருப்பின், அக்காலத்துப் பேச்சும் நடையும் நமக்குக் கிடைத்திரா.

பிள்ளைகளுக்கு இதிலே பாடமொன்று உண்டு. ‘இன்று என்ன செய்தாய்?’ என்று கேட்டால், பல் துலக்கிய கதைதான் வரும். ‘நேற்று இல்லாத எதனை இன்று கண்டாய்?’ என்று கேட்டுப் பார்க்கலாம். முற்றத்து மாமரத்திலே செந்தளிர் விட்டிருக்கும். கச்சான் காற்று நின்று வாடைக்காற்றுத் தொடங்கியிருக்கும். பேருந்திலே ஒரு முதியவர் கால் வலியோடு நின்றிருப்பார்; அவருக்கு ஒருவரும் இடம் கொடுத்திருக்கமாட்டார். இவற்றுள் ஒன்றை நான்கு வரியில் எழுதினாற் போதும். அதிலே திகதியும் இடமும் இருந்தால், அது நாட்குறிப்பே. சந்திப்பிழை இருந்தாலும் நாட்குறிப்பே. எழுதப் பழகாத சிறு பிள்ளை தான் கண்டதைப் படமாக வரையலாம்.

கண்டதை எழுதப் பழகிய பிள்ளை, நாளடைவில் உணர்ந்ததையும் எழுதத் தொடங்கும். அங்கேதான் பெரியோரின் பொறுப்புக் கடினமாகின்றது. இதனை விளக்குவதற்கு ஒல்லாந்து நாட்டிலே வாழ்ந்த ஒரு சிறுமியின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை.

ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமி, 1942 ஜூன் 12 ஆந் திகதி தன் பதின்மூன்றாம் பிறந்த நாளன்று ஓர் ஏட்டினைப் பரிசாகப் பெற்றாள். நான்கு வாரம் செல்லுமுன், நாசிகளுக்கு அஞ்சி அக்குடும்பம் அம்ஸ்ரடாம் நகரிலே தந்தையின் வணிகநிலையத்துப் பின்கட்டில் மறைந்து வாழ நேர்ந்தது. அங்கே எண்மர் ஈராண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தனர். வெளியே சென்று தோழியரோடு பேச இயலாத அச்சிறுமி, ‘கிற்றி’ என்று தானே பெயரிட்ட ஒரு கற்பனைத் தோழிக்குக் கடிதம் எழுதுவதுபோலத் தன் மனத்தைத் திறந்து எழுதினாள். 1944 மார்ச் 28 ஆந் திகதி இலண்டனிலிருந்து ஒல்லாந்த அமைச்சர் ஒருவர் வானொலியிற் பேசினார். போர்க்கால மக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் போருக்குப் பின் திரட்டப்படவேண்டும் என்றார். மறைவிடத்திலிருந்து அதனைக் கேட்ட ஆன், தன் குறிப்புகளைச் செம்மை செய்து மீண்டும் எழுதத் தொடங்கினாள். ஒரு வானொலிப் பேச்சு ஒரு பிள்ளையின் எழுத்துக்கு ஊக்கமளித்த வரலாறு இது.

அவ்வேட்டினைச் சூழ்ந்து நின்ற பெரியோர் இருவரின் ஒழுக்கம் அதனினும் நினைக்கத்தக்கது. ஒருவர் தந்தை ஒட்டோ பிராங்க். மகளின் குறிப்பேடுகள் அவருடைய தோற்பையிலேயே, கட்டிலருகிலே வைக்கப்பட்டிருந்தன. படிப்பதில்லை என்று மகளுக்கு வாக்களித்திருந்தார், படிக்கவும் இல்லை. மற்றவர் மீப் கீஸ் என்னும் அலுவலகப் பெண்மணி. அவர்களுக்கு உணவு கொணர்ந்து உதவியவர்களுள் ஒருவர். 1944 ஆகஸ்ட் 4 ஆந் திகதி அனைவரும் கைதானபின், சிதறிக் கிடந்த தாள்களைத் திரட்டித் தம் மேசை இழுப்பறையில் வைத்தார். சிறுமி திரும்பி வந்ததும் கொடுக்கவேண்டுமென்று எண்ணி, ஒரு பக்கத்தையேனும் படிக்காது காத்தார். படித்திருந்தால் எரித்திருக்க நேர்ந்திருக்கும் என்று பிற்காலத்தில் அவரே கூறினார். உதவி செய்தோரின் பெயர்கள் அதில் இருந்தன. ஆன் 1945 இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமிலே இறந்தாள். ஏடு தந்தையின் கைக்கு வந்து, 1947 இல் நூலாயிற்று. அதனைப் படித்த பின்னரே, தாம் அறிந்த மகளினும் வேறான ஒரு மகளை அவர் அறிந்தார். மிக நெருக்கமாக வாழ்ந்த தந்தைக்கே மகளின் உள்ளம் முழுவதும் தெரிந்திருக்கவில்லை.

“அப்படியாயின் பெற்றோர் படித்துப் பார்ப்பதன்றோ நன்று? பிள்ளை தவறான வழியிற் செல்கின்றதா என்று அறியவேண்டாமா?” என்று சிலர் வினவலாம். கவலை நியாயமானதே. அறியத்தான் வேண்டும்; ஆனால் கேட்டு அறியவேண்டும். பிள்ளை உண்ணாதிருப்பது, உறக்கங் கெடுவது, பாடசாலைக்குப் போக மறுப்பது, நண்பரைத் தவிர்ப்பது ஆகிய இவையெல்லாம் திறந்த ஏடுகள். அவற்றைப் படிக்காதவர்க்கு மூடிய ஏட்டைப் படித்தும் பயனில்லை. ஒளித்துப் படித்தவர் ஒருநாள் ஒரு செய்தியை அறியலாம். அது தெரிந்துவிட்டால், மறுநாள் முதல் பிள்ளை ஒன்றில் எழுதாது விட்டுவிடும். அன்றேல் தாய் தந்தையர் காண்பதற்கென்றே பொய்யாக எழுதும். தன் ஏட்டிலேயே பொய் எழுதக் கற்ற பிள்ளைக்கு உண்மை பேச வேறு இடம் ஏது? பிள்ளையின் உயிருக்கே தீங்கு வருமோ என்று அஞ்சத்தக்க நிலை நேரின், அது வேறு. அப்பொழுதும் அருகில் இருத்தி, அஞ்சுவது இன்னதென்று நேரே சொல்லிப் பேசுவதே முதற்கடன்.

இனி, நடைமுறையில் வேண்டியவை சில. விலையுயர்ந்த ஏடு வேண்டியதில்லை. எண்பது பக்க அப்பியாசக் கொப்பி போதும். திகதி அச்சிடாத கொப்பியே பிள்ளைக்கு நல்லது. எழுதாத நாளின் வெறும்பக்கம் குற்றஞ்சாட்டுவதுபோல் எதிரே நில்லாது. இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கலாம். அந்நேரம் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஓய்ந்திருக்க, பெற்றோருள் ஒருவர் தாமும் ஒரு கொப்பியை விரித்து எழுதுவாராயின், பிள்ளைக்கு வேறு போதனை தேவையில்லை. இரண்டு நாள் விட்டுப்போனால், ஏன் எழுதவில்லை என்று கேளாதிருத்தல் நலம். அண்ணனோ தங்கையோ அதனை எடுத்து வாசித்துச் சிரிப்பதைத் தாய் தடுக்கவேண்டும். பிள்ளை தானாகவே கொணர்ந்து காட்டினால், எழுத்துப்பிழையைச் சுட்டாது, சொன்ன செய்தியைப் பற்றிப் பேசவேண்டும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா என்ற கணக்கும் வேண்டியதில்லை. எழுதிப் பழகிய கைக்குக் கட்டுரையும் எளிதாகும். ஆயினும் அது தானே வரும் பயன், தேடிச் செல்லும் பயனன்று.

நிறைந்த கொப்பியைப் பழைய கடதாசியோடு சேர்த்து விற்றுவிடுதல் கூடாது. இடப்பெயர்வுகளின்போது வீட்டோடு புகைப்படங்களையும் கடிதங்களையும் இழந்த குடும்பங்கள் இலங்கையிலே பல உள்ளன. எழுதி வைத்த ஒரு தாளின் அருமையை அவர்களுக்கு எடுத்துரைக்கவேண்டியதில்லை. அக்கொப்பியைத் துணியிற் சுற்றி, பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைக்கலாம். வளர்ந்தபின் பிள்ளை வந்து கேட்கும் நாளில், பிரித்துப் பார்க்காது எடுத்துக் கொடுத்தால் அதுவே போதும்.