வீட்டை வாங்குமுன் வழக்கறிஞர்

ஒருவர் தம் வாழ்நாளில் ஈட்டிய பொருளின் பெரும் பகுதியை ஒரே நாளில் பிறர் கையில் கொடுத்துவிடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதுவே வீடு வாங்குதல். புடைவை வாங்கும்போது இழையை இழுத்துப் பார்க்கிறோம். மாம்பழம் வாங்கும்போது முகர்ந்து பார்க்கிறோம். வீடு வாங்கும்போது சுவரையும் கிணற்றையும் தட்டிப் பார்க்கும் நாம், விற்பவரின் உரிமையைப் பார்ப்பது அரிது. உரிமை கண்ணுக்குப் புலனாவதன்று. அது பத்திரங்களிலும் பதிவேடுகளிலும் இருப்பது. அதைப் படித்துச் சொல்லத் தக்கவர் வழக்கறிஞர். திருவனந்தபுரத்தில் வீடு வாங்க எண்ணும் தமிழர் அவரை எவ்வாறு தேர்ந்துகொள்வது, அவரிடம் எவ்வாறு வேலை கொள்வது என்பதே இப்பேச்சின் பொருள்.

"பத்திரம் பதிவாகிவிட்டது; இனி அச்சமில்லை" என்று நம்மவர் சொல்வதுண்டு. இந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்த பத்திரத்தாலேயே நிறைவேறும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். ஆனால் பதிவு அதிகாரி, கையொப்பமிட்டவர் இன்னார்தாமா, உரிய தீர்வை செலுத்தப்பட்டதா என்பன போன்றவற்றைப் பார்ப்பவரே அன்றி, விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்பவர் அல்லர். தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2025-இல் இதையே தெளிவாகக் கூறியது. தென் ஆஸ்திரேலியாவில் 1858 முதல் உரிமைக்கு அரசே உறுதி நிற்கும் முறை உண்டு. இங்கிலாந்தின் நிலப் பதிவகமும் அத்தகைய உறுதி தருகிறது. நம் நாட்டுப் பதிவு அத்தகையதன்று. ஆகவே உரிமையை ஆராயும் பொறுப்பு வாங்குவோரின் தலைமேல்தான் விழுகிறது.

கேரளத்தில் கிரயப் பத்திரத்தை ஆதாரம் என்பர். அதை எழுதித் தருவதற்கு உரிமம் பெற்ற எழுத்தர்கள் உண்டு. அவர்களிற் பலர் அனுபவம் மிக்கவர்கள். ஆயினும் கலியாணப் பத்திரிகை அச்சிடுபவர் மாப்பிள்ளையின் குணத்தை விசாரிப்பதில்லை. அதுபோல, சொன்னதைச் சட்டப்படி எழுதுவதே ஆதாரம் எழுதுபவரின் தொழில். உரிமையை ஆராய்வது வேறு தொழில்.

அந்தத் தொழிலுக்குரியவரை எங்கே தேடுவது? வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வேலை தேடுவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடுக்கின்றன. எனவே கேட்டறிவதே வழி. வஞ்சியூர் நீதிமன்றங்களில் சொத்து வழக்குகளை நடத்திப் பழகியவராக அவர் இருத்தல் நலம். உரிமைகள் எங்கே உடைகின்றன என்பதைக் கண்டவரே எங்கே உடையக்கூடும் என்பதையும் அறிவார். பழைய மலையாளப் பத்திரங்களைப் படிக்கவும், கொல்லம் ஆண்டுக் கணக்கைப் புரிந்துகொள்ளவும் அவருக்குப் பயிற்சி வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமாக, அவர் உங்களுக்கு மட்டுமே வழக்கறிஞராக இருக்க வேண்டும். விற்பவரோ, தரகரோ, கட்டடம் கட்டி விற்பவரோ அழைத்து வருபவர் வேண்டாம். வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டார் என்பதும் போதாது. அவர் காப்பது வங்கியின் கடனை. கட்டணத்தை முன்னரே பேசி முடித்துவிடுங்கள். "வாங்க வேண்டாம்" என்று அவர் சொன்னாலும் அந்தக் கட்டணம் அவருக்குச் சேர வேண்டும். விற்பனை முடிந்தால்தான் கூலி என்றால், உண்மை சொல்லும் நாவுக்கு நாமே பூட்டுப் போட்டவர்கள் ஆவோம்.

வழக்கறிஞரிடம் எப்போது போவது? முன்பணம் கொடுப்பதற்கு முன்னர். பலர் முன்பணத்தைக் கொடுத்து, ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டு, அதன் பின்னரே கட்டைத் தூக்கிக்கொண்டு செல்கின்றனர். அப்போது அவர் குறை கண்டால், கொடுத்த பணத்தை மீட்பதே தனி வழக்காகிவிடும்.

அவரிடம் தரவேண்டியவை இவை: விற்பவரின் ஆதாரம், அதற்கு முந்திய ஆதாரங்கள், வில்லங்கச் சான்று, நிலவரி செலுத்திய ரசீது, கைவசச் சான்று, கட்டடத்தின் அனுமதியும் வரைபடமும். வில்லங்கச் சான்றைக் கேரளத்தில் குடிக்கடச் சான்று என்பர். குறைந்தது 30 ஆண்டுக் கால வரலாற்றைப் பார்ப்பது நல்ல வழக்கம். அந்தச் சான்று பதிவான நடவடிக்கைகளையே காட்டும். பதிவாகாத உயிலும், நடந்துகொண்டிருக்கும் வழக்கும், ஆதாரத்தை வங்கியில் ஒப்படைத்துப் பெற்ற கடனும் அதில் தென்படாமற் போகலாம். ஆதலால் மூல ஆதாரத்தையே நேரில் காட்டும்படி வழக்கறிஞர் கேட்பார். நகல் மட்டும் நீட்டப்பட்டால், மூலம் எங்கே என்ற வினாவுக்கு விடை கிடைக்கும்வரை நின்றுவிடுங்கள்.

தமிழர்க்குச் சிறப்பாகச் சொல்லவேண்டிய ஒன்றுண்டு. நமக்கு நிலம் என்றால் எந்த நிலமும் நிலமே. கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்பது நெல்வயலைக் குறிக்கும். வீடு கட்டத்தக்க கரைபூமி 'புரையிடம்' எனப்படும். மண்ணிட்டு மேடாக்கித் தென்னை வைத்திருப்பினும், ஏட்டில் நிலம் என்றிருந்தால், 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். வருவாய்த் துறையின் உரிய ஆணை இல்லாமல் அங்கே வீடு எழுப்புவது பொதுவாக இயலாது. ஒரே சொல் இரு மொழியில் இரு பொருள் தருவதால், வாழ்நாட் சேமிப்பு வயலில் புதைந்துபோகலாம். அளவும் அவ்வாறே. பேரம் சென்டில் நடக்கும். ஆதாரம் ஆர் கணக்கில் இருக்கும். ஓர் ஆர் ஏறத்தாழ 2.47 சென்ட். கரமனை, கோட்டைப் பகுதித் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடாயின், இடைச்சுவர் யாருடையது என்பதையும் எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வாரிசுரிமை. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில், 1916-ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி, பெண்களுக்கு மிகச் சிறிய பங்கே உண்டு என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல், அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாதொழிந்தது என்று தீர்ப்பளித்தது. எனவே உயில் எழுதாது இறந்த தந்தையின் வீட்டைச் சகோதரர்கள் மட்டும் விற்றிருந்தால், சகோதரிகளின் பங்கு என்னவாயிற்று என்று கேட்க வேண்டும். நாயர் தறவாட்டுச் சொத்தாயின் 1976-இல் நடைமுறைக்கு வந்த கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டத்தையும், இந்துச் சிறுவர் பங்காயின் நீதிமன்ற அனுமதி பெற்றதா என்பதையும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் யார் யார் என்று வழக்கறிஞர் துருவித் துருவிக் கேட்டால் சலிப்படையாதீர்கள்.

அடுக்குமாடி வீடு வாங்குவோர் கொச்சியை அடுத்த மரடை நினைவில் வைக்க வேண்டும். கடலோர ஒழுங்கு விதிகளை மீறிக் கட்டப்பட்டவை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கண்ட நான்கு குடியிருப்புகள், 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவற்றை வாங்கியவர்களிடம் பத்திரம் இருந்தது. உள்ளாட்சி தந்த கட்டட அனுமதியும் இருந்தது. வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால ஈடாக நீதிமன்றம் விதித்தது. வீடு மட்டும் திரும்பவில்லை. ஆகவே புதிய கட்டடமாயின், திருவனந்தபுரத்திலேயே உள்ள கேரள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் அது பதிவாகியுள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கட்டுபவர் வாங்கக்கூடாது என்பது 2016-ஆம் ஆண்டின் சட்டம்.

வழக்கறிஞருக்கு நாம் செய்யவேண்டிய கடமைகளும் உண்டு. தெரிந்ததை மறைக்கலாகாது. வேலிச் சண்டை ஒன்று காதில் விழுந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அவருடைய கருத்தை எழுத்தில், கையொப்பத்துடன் பெறுங்கள், வாய்ச்சொல் மறந்துபோகும். மலையாளம் படிக்கத் தெரியாதவர், ஆதாரத்தின் வரைவை வரிவரியாகத் தமிழில் விளக்கக் கேட்டு, எல்லை நான்கையும் இடத்திலே நடந்து பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். தீர்வைக்கு அஞ்சி விலையைக் குறைத்து எழுதும் யோசனையை ஏற்காதீர்கள். அது சட்ட விரோதம். நாளை உரிமை பழுதுபட்டால், எழுதாத பணத்தைக் கேட்கவும் வாயிராது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். பதிவு முடிந்ததும் கிராம அலுவலகத்தில் போக்குவரவு செய்து, உங்கள் பெயரில் வரி ரசீது பெறும்வரை வேலை முடியவில்லை என்று கொள்ளுங்கள்.

நல்ல வழக்கறிஞர் சில சமயம் நமக்குப் பிடித்த வீட்டை வேண்டாம் என்பார். அப்போது அவர்மீது வருத்தம் எழுவது இயல்பே. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நாடினோம். பிடித்த வீடு இன்னொன்று கிடைக்கும். போன பணம் திரும்புவது கடினம்.