இன்னும் பிறக்காத பாட்டி



'கணினி நமக்கு என்ன செய்தது?' என்பதுதான் இன்றைய அரங்கின் தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் பெரிய பெரிய விஷயங்களைச் சொல்லிவிட்டார்கள். நான் மிகச் சிறிய ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். தேதி. நாம் தினமும் எழுதுகிற தேதி.

நான் கணினி படித்தவள் அல்ல. பொதுசன ஊடகத் துறையில் டிப்ளோமா பெற்றவள். ஒலிவாங்கியைப் பிடித்துப் பிழைக்கிறேன். ஆனால் ஒரு தேதி என்னை மேடையில் தலைகுனிய வைத்தது. அந்தக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2024ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு சங்கம் மூத்தோர் நாள் நடத்தியது. 60 வயது நிரம்பியவர்களுக்கு மதிய விருந்து, கண் பரிசோதனை, தீபாவளி அன்பளிப்பு. அறிவிப்பாளர் நான். வந்தவர்களில் ஆக மூத்தவரை மேடைக்கு அழைத்து மாலை போட வேண்டும் என்பது ஏற்பாடு. கையில் கொடுத்த பட்டியலைப் பார்த்தேன். முதல் பெயர் 79 வயதுத் தாத்தா. கணீரென்று அறிவித்தேன். கைத்தட்டல், மாலை, புகைப்படம் எல்லாம் முடிந்தது.

விருந்து முடியும் நேரத்தில் கடைசி வரிசையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். தோட்டத்திலிருந்து வேனில் வந்தவர். கையில் அன்பளிப்புப் பை இல்லை. கண் பரிசோதனைக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை. அருகில் போனேன். "ஏம்மா, வரும்போதே ஐசிய காட்டுனேனே, அதுல என் பேரு இல்லையா?" என்று கேட்டார்.

ஐசியை வாங்கிப் பார்த்தேன். பெயர் தெளிவாக இருந்தது. எண் 41 என்று தொடங்கியது. அதாவது 1941. பாட்டிக்கு வயது 83. மேடையில் மாலை போட்டுக்கொண்டிருக்க வேண்டியவர், யாருடைய பட்டியலிலும் இல்லாமல் பின்வரிசையில் இருந்தார். விசாரித்துப் பார்த்தால் அவர் மட்டும் அல்ல, 80 வயதைத் தாண்டிய ஒருவருடைய பெயர்கூடப் பட்டியலில் இல்லை. மூத்தோர் நாளில் ஆக மூத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே நிறுத்தியது போல் இருந்தது.

யார் செய்த தவறு? பட்டியலைத் தயாரித்த தம்பி நல்ல பிள்ளை, கெட்டிக்கார நிரலர். அவரே இரவெல்லாம் உட்கார்ந்து கண்டுபிடித்து மறுநாள் எனக்கு விளக்கினார். நான் புரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் மைகாட் அட்டையின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. ஆண்டு, மாதம், நாள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கம். மனிதருக்கு அது போதும். 41 என்று போட்டிருக்கும் அட்டையைக் கையில் கொண்டுவந்து கொடுப்பவரின் முகத்தைப் பார்த்தாலே 1941ஆ 2041ஆ என்று தெரிந்துவிடும். கணினிக்கு முகம் தெரியாது. எந்த இலக்கம் ஆண்டு, எது மாதம், எது நாள் என்று நாம்தான் அதற்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வடிவக் குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிகூட இல்லாத சின்னக் குறிப்பு. பத்து எழுத்துக்குள் அடங்கிவிடும்.

இரண்டு இலக்க ஆண்டைக் கொடுத்தால் நூற்றாண்டைக் கணினி ஊகிக்கிறது. அந்த ஊகம் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு மாதிரி. பைத்தான் மொழியில் 69 முதல் 99 வரை 1900களாகவும், 00 முதல் 68 வரை 2000களாகவும் எடுத்துக்கொள்ளப்படும். எக்செல் நெடுங்காலம் வழக்கமாக 30 முதல் 99 வரை 1900கள், 00 முதல் 29 வரை 2000கள் என்று கொண்டது. ஜாவா மொழியின் பழைய தேதி முறைக்கு நிலையான எல்லைக்கோடே கிடையாது. நிரல் ஓடுகிற நாளிலிருந்து 80 ஆண்டு பின்னால், 20 ஆண்டு முன்னால் என்று ஒரு சன்னல் வைத்துக்கொண்டு பார்க்கும்.

அந்தத் தம்பி பயன்படுத்தியது இந்த மூன்றாவது முறை. 2024இல் ஓடிய நிரலுக்கு 1944 வரைதான் சன்னல் திறந்திருந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்கவே இல்லை. பாட்டி 2041இல் பிறக்கப் போகிறவர். 2024இலிருந்து 2041ஐக் கழித்தால் வயது கழித்தல் 17. அறுபதுக்குக் கீழே உள்ளவர்களை நீக்கு என்று சொல்லியிருந்தார்கள். கணினி சொன்னதைச் செய்தது. ஆறு பிள்ளைகளைப் பெற்று, விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன பாட்டியை, இன்னும் பிறக்காதவர் என்று சொல்லி நீக்கிவிட்டது.

இதே வேலையைப் பைத்தானில் செய்திருந்தால் பட்டியலே காலியாக வந்திருக்கும். அறுபதைத் தாண்டிய அத்தனை பேரும் 2000களுக்குப் போயிருப்பார்கள். உடனே யாராவது கவனித்திருப்பார்கள். பாதி சரியாக இருந்ததுதான் இங்கே வினை. முழுக்கத் தப்பாக இருப்பது கண்ணில் படும். பாதி சரியாக இருப்பது நம்மை நம்ப வைத்துவிடும்.

சிங்கப்பூரில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. குடிமக்கள், நிரந்தரவாசிகளின் அடையாள எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கும். 2000க்கு முன் பிறந்தவர்களுக்கு எஸ், 2000 முதல் பிறந்தவர்களுக்கு டி. ஒரே ஓர் எழுத்து நூற்றாண்டைச் சொல்லிவிடுகிறது.

நேயர்களே, ஒரு நிரலில் உள்ள குறிப்பை இன்னொரு மொழிக்கு மாற்றுகிறபோது இன்னும் வேடிக்கைகள் நடக்கும். சி, பைத்தான் போன்றவற்றில் சதவீதக் குறி போட்டு ஓர் எழுத்து எழுதுவார்கள். அங்கே சின்ன எம் என்றால் மாதம், பெரிய எம் என்றால் நிமிடம். ஜாவாவுக்கும் சி ஷார்ப்புக்கும் போனால் சதவீதக் குறி கிடையாது, எழுத்தை இரட்டித்து எழுத வேண்டும். அங்கே பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். அப்படியே தலைகீழ்! பி.எச்.பி. மொழியில் சின்ன எம் மாதம்தான், ஆனால் நிமிடத்துக்கு ஐ என்ற எழுத்து. சதவீதக் குறியை எடுத்துவிட்டு எழுத்தை அப்படியே வைத்தால் மாதம் இருக்கும் இடத்தில் நிமிடம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதை உடனே கண்டுபிடிக்கலாமே என்று நினைப்பீர்கள். ஒன்பதே முக்கால் மணிக்குச் சோதித்தால் மாதம் 45 என்று வரும், சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். அக்டோபர் மாதத்தில் ஒன்பது பத்துக்குச் சோதித்தால்? மாதம் 10 என்று வரும். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஆண்டைக் குறிக்கும் ஒய் என்ற எழுத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஜாவாவில் சின்ன ஒய் நாம் அறிந்த ஆண்டு. பெரிய ஒய் வாரக் கணக்கில் வரும் ஆண்டு. டிசம்பர் கடைசி நாள்கள் சில, அடுத்த ஆண்டின் முதல் வாரத்தில் சேர்ந்துவிடும். அப்போது பெரிய ஒய் போட்டவர்களுக்குப் புத்தாண்டு முன்கூட்டியே பிறந்துவிடும். வருடம் முழுக்க ஒழுங்காக ஓடி, எல்லாரும் விடுமுறையில் இருக்கும் நேரத்தில் கழுத்தறுக்கும். 2014 டிசம்பர் 29, திங்கட்கிழமை. உலகத் தர வாரக் கணக்கில் அது 2015இன் முதல் வாரம். அன்று, அப்போது ட்விட்டர் என்ற பெயரில் இயங்கிய தளத்தின் கணினிகள் ஆண்டை 2015 என்று சொல்லத் தொடங்கின. ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருந்த பலர் தங்கள் கணக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டார்கள்.

சரி, இது நிரலர்கள் பாடு, நமக்கென்ன என்று விட்டுவிடலாமா? 05/06 என்று எழுதிப் பாருங்கள். மலேசியாவில் அது ஜூன் 5. அமெரிக்காவில் மே 6. நாள் 12க்கு மேல் போனால் குழப்பம் இல்லை, 13ஆவது மாதம் கிடையாது. 12 வரைதான் ஆபத்து. மாதத்துக்கு 12 நாள், அதில் 5/5 போல இரண்டும் ஒன்றாக இருக்கும் நாளைத் தள்ளிவிட்டால் 11. பன்னிரண்டு மாதத்துக்கு 132 நாள். ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மாறிப் போகக்கூடிய தேதிகள். மருத்துவமனைச் சந்திப்பு, மருந்தின் காலாவதி நாள், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம், எதுவும் இதில் மாட்டலாம்.

நேரத்திலும் நம் நாட்டுக்கென்று ஒரு கதை இருக்கிறது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி 12 ஆக்கினார்கள். சிங்கப்பூரும் அப்படியே செய்தது. அதற்கு முன் கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னே இருந்தோம். அன்றிலிருந்து எட்டு மணி நேரம். சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே எட்டில்தான் இருந்தன.

இது எதற்கு என்கிறீர்களா? உங்களில் பலர் வீட்டில் ஜாதகம் பார்ப்பவர்கள். 1975இல் ஈப்போவில் பிறந்தவருடைய நேரத்தை ஒரு கணினி ஜாதக நிரலில் போட்டு, மலேசியா என்றால் எட்டு மணி நேரம் என்று அது கணக்கிட்டால், அரை மணி நேரம் பிசகும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லக்னம் என்பார்கள். அரை மணி என்றால் அதில் கால் பங்கு. விளிம்பில் பிறந்தவருக்கு லக்னமே மாறிவிடும். ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் நம்புகிறவர், பொருத்தம் இல்லை என்று ஒரு சம்பந்தத்தைத் தள்ளுவதற்கு முன், எந்த நேரக் கணக்கு என்று ஒரு வார்த்தை கேட்கலாம் அல்லவா?

இதற்கெல்லாம் மருந்து இருக்கிறதா? இருக்கிறது. 1988இலேயே உலகத் தர அமைப்பு ஐ.எஸ்.ஓ. 8601 என்ற விதியை வெளியிட்டது. ஆண்டு நான்கு இலக்கம், பிறகு மாதம், பிறகு நாள். 2024-10-05 என்பது போல. நேரத்தையும் எழுதினால் கிரீன்விச்சிலிருந்து எத்தனை மணி தள்ளி என்பதையும் கூடவே எழுதலாம். பெரியதிலிருந்து சிறியதற்கு வருவதால் வரிசைப்படுத்தினால் தானாகவே கால வரிசையில் நிற்கும். நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது இதைப் பயன்படுத்திவிட்டு, மனிதருக்குக் காட்டும்போது மட்டும் நம் வழக்கப்படி மாற்றிக்கொள்வது நல்லது. நிரலர்கள் சோதிக்கும்போது இன்றைய தேதியைப் போட்டுப் பார்க்காமல், 31 டிசம்பர், மதியத்துக்குப் பிந்திய நேரம், 1941இல் பிறந்தவர் என்று வம்பான தேதிகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் எளிது. ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். மாதத்தைப் பெயரால் எழுதுங்கள். 5 ஜூன் 2025 என்று எழுதினால் எந்த நாட்டுக்காரரும் குழம்ப மாட்டார்.

ஆனால் அந்தத் தம்பியின் நிரலைத் திருத்தியதோடு என் மனம் அடங்கவில்லை. அவர் எழுத்தைப் பிழையாகப் போட்டார். நான் என்ன செய்தேன்? அரங்கத்தில் நரைத்த தலைகள் நிறைந்திருக்க, காகிதத்தை மட்டும் பார்த்து 'ஆக மூத்தவர்' என்று அறிவித்தேன். தலையை நிமிர்த்தி, "இவரைவிட மூத்தவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பாட்டி கையைத் தூக்கியிருப்பார். கணினிக்குத்தான் முகம் தெரியாது. எனக்குத் தெரியுமே!

அன்பளிப்புப் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போனோம், அந்தத் தம்பியும் நானும். அவர் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். "பாட்டி, கம்ப்யூட்டர் கணக்குல நீங்க இன்னும் பொறக்கவே இல்ல" என்றார். பாட்டி பொக்கை வாயால் சிரித்தார். "அப்ப எனக்கு இன்னும் வேல கெடக்குதுப்பா" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கு கண்ணு பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று மெல்லச் சொன்னார். அந்த இரண்டாவது வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. கண் பரிசோதனைக்கு அவரை நாங்களே அழைத்துப் போனோம்.

அன்றிலிருந்து எந்த மேடையில் பட்டியல் கொடுத்தாலும் நான் இரண்டு பட்டியல் கேட்கிறேன். ஒன்று, சேர்த்தவர்கள் பட்டியல். மற்றொன்று, நீக்கியவர்கள் பட்டியல். தவறு நடந்திருந்தால் அது பெரும்பாலும் அந்த இரண்டாவதில்தான் ஒளிந்திருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. நீங்கள் கோயில் கமிட்டியில் இருக்கலாம், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கலாம், அலுவலகத்தில் இருக்கலாம். கணினி ஒரு பட்டியலைக் கொடுத்தால், "இதில் யார் இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள்.