சிப்பாயின் ஏடும் பதக்கமும்

ஒருவர் செய்த பணி ஒன்று. அப்பணியைப் பற்றி அரசாங்க ஏடு சொல்வது மற்றொன்று. இரண்டும் ஒத்திருக்கும் வரையில் ஏட்டைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. ஒவ்வாமற் போகும்பொழுதுதான் அதன் வலிமை நமக்குப் புலனாகிறது. மனிதர் எதிரே நின்று, "நான் அங்கே இருந்தேன்" என்பார்; ஏடு, "இல்லை" என்று சொல்லும். இருவருக்கும் வழக்கு நேர்ந்தால் வெல்வது பெரும்பாலும் ஏடுதான்.

நேயர்களே, நம் நாட்டுப் படையில் இளமையைக் கழித்துவிட்டுச் சிற்றூர்களுக்குத் திரும்பி வந்து, இன்று எண்பதை எட்டிய முதியோர் பலர் இருக்கின்றனர். ஊரார் அவர்களைப் 'பட்டாளத்தார்' என்று அழைப்பர். அவர்களுடைய பணி ஏடுகளில் உள்ள பிழைகளையும், அவர்கள் கைக்கு வந்து சேராத பதக்கங்களையும் குறித்தே இன்று பேச விரும்புகிறேன். இது கௌரவத்தைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. வீட்டில் அடுப்பு எரிவதைப் பற்றிய செய்தியும் ஆகும்.

நான் படையில் இருந்தவன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்று, கிராமத்துப் பள்ளியிலே பணிபுரிந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆயினும் தலைமையாசிரியன் வாழ்விற் பாதி ஏடுகளோடுதான் கழிகிறது. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் என்று அவற்றுக்கு முடிவில்லை. ஓர் எழுத்துப் பிழை ஐம்பது ஆண்டு கழித்து ஒரு குடும்பத்தை எப்படி அலைக்கழிக்கும் என்பதை அந்த நாற்காலியில் அமர்ந்து நான் கண்டிருக்கிறேன். ஓய்வு பெற்றபின், மனு எழுதித் தரும்படி ஊரார் வருவது வழக்கமாயிற்று. அவ்வாறு வந்தவர்களிற் பட்டாளத்தார் சிலரும் உண்டு.

படையை விட்டு விலகும் சிப்பாய்க்கு ஒரு சிறு புத்தகம் கொடுக்கிறார்கள். அதனை 'டிஸ்சார்ஜ் புத்தகம்' என்பது வழக்கு. அவருடைய படை எண், பதவி, பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், பெற்ற பதக்கங்கள் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். அதன் மூலம் அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அத்தகைய அலுவலகம் நீலகிரி வெலிங்டனில் உள்ளது. மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைக்குப் பெங்களூரில் உள்ளது. பணிக்காலத்தில் திருமணமோ, மகப்பேறோ நிகழ்ந்தால், 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் உத்தரவின் வாயிலாக அது ஏட்டில் ஏறும். உத்தரவு பிறவாவிட்டால், ஊரறிய நடந்த திருமணமும் ஏட்டளவில் நடவாததே.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன? எழுதியவர்கள் அசட்டையாக எழுதினார்கள் என்று எளிதிற் பழி சொல்லிவிடலாகாது. தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்துக்கு மாறும்பொழுதே தொல்லை தொடங்கிவிடுகிறது. நம் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் நேரான எழுத்தில்லை. 'பழனி' என்ற பெயரை ஓரிடத்தில் 'இசட், எச்' என்ற எழுத்துக்களாலும், மற்றோரிடத்தில் 'எல்' என்ற எழுத்தாலும் எழுதுகிறார்கள். ஒருவரே ஏட்டில் இருவராகிறார். தந்தை பெயரின் தலையெழுத்தை முன்னே வைப்பது நம் வழக்கம். குடும்பப் பெயரைப் பின்னே வைப்பது வடநாட்டார் வழக்கம். நம் வழக்கை அறியாத எழுத்தர், தந்தையின் பெயரையே மகனுக்குப் பெயராக்கிவிடுவதும் உண்டு.

பதக்கங்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். வீரச் செயலுக்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கப்படும் விருதுகள் ஒருவகை. போர்க்காலத்திற் பணியில் இருந்தமைக்காக, தகுதியுள்ள அனைவருக்கும் கொடுக்கப்படுபவை மற்றொரு வகை. 1965 ஆம் ஆண்டுப் போரை ஒட்டி ரக்ஷா பதக்கமும் சமர் சேவா ஸ்டாரும் ஏற்பட்டன. 1971 ஆம் ஆண்டுப் போரை ஒட்டிச் சங்கராம் பதக்கம் ஏற்பட்டது. அப்போரிற் கிழக்குக் களத்திற் பணியாற்றியவர்களுக்குப் பூர்வி ஸ்டாரும், மேற்குக் களத்திற் பணியாற்றியவர்களுக்குப் பச்சிமி ஸ்டாரும் உரியவை. ஆகவே, இவை 'இவர் இந்தக் காலத்தில் இந்த இடத்தில் இருந்தார்' என்பதற்கு உலோகத்திற் பொறித்த சான்றிதழ்களே. பதக்கத்திலே வீரரின் எண்ணும் பெயரும் பொறிக்கப்படுவதும் இதனாலேதான்.

எங்கள் ஊர்ப் பட்டாளத்தார் ஒருவரின் வழக்கை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். அவர் பெயரும் படைப்பிரிவும் இங்கு வேண்டியதில்லை. 1963-இற் சேர்ந்து, ஹவில்தாராக 1979-இல் ஓய்வு பெற்றவர். அவரிடம் மூன்று பதக்கங்கள் இருந்தன. பூர்வி ஸ்டார் இல்லை. 1971 டிசம்பரில் அவரும் வேறு சிலரும் தம் பிரிவிலிருந்து தற்காலிகமாக எடுக்கப்பட்டு, கிழக்கே இருந்த வேறொரு பிரிவோடு இணைக்கப்பட்டிருந்தனர். போர் முடிந்து பெயர்ப்பட்டியல் தயாரானபொழுது, கிழக்குப் பிரிவு இவர்களை அயலார் என்று விட்டுவிட்டது. தாய்ப் பிரிவோ கிழக்கே போகவேயில்லை. இரண்டு பட்டியலுக்கும் நடுவே அவர் விழுந்துவிட்டார்.

"பணம் காசு வேண்டாம், தம்பி. நான் போகாத இடத்துக்குப் போனதாச் சொல்றேன்னு பேரன் நெனைச்சிடக் கூடாது" என்றார் அவர். அவருடைய கவலை அது.

அவருடைய காகிதங்கள் அனைத்தையும் கொண்டுவரச் சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். பதக்கத்தைவிடப் பெரிய பிழை ஒன்று அங்கே இருந்தது. அவருடைய மனைவியாரை வீட்டில் எல்லோரும் 'பாப்பா' என்று அழைப்பார்கள். திருமணமான புதிதில் எழுத்தர் கேட்டபொழுது, கணவர் அந்தப் பெயரையே சொல்லியிருக்கிறார். ஏட்டில் மனைவி 'பாப்பா'. குடும்ப அட்டையிலும், ஆதார் அட்டையிலும், வங்கிக் கணக்கிலும் அவருக்கு முறையான வேறு பெயர். பிறந்த தேதியோ ஏட்டில் இல்லவே இல்லை. கணவர் காலமானபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டுச் சென்றால், "பாப்பா என்பவர் யார், நீங்கள் யார்?" என்ற கேள்வி எழும். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஒரே மனிதர் அப்பொழுது இருக்கமாட்டார்.

"ஐயா, பதக்கம் காத்திருக்கும், இது காத்திராது. முதலில் அம்மாவின் பெயரைத் திருத்துவோம்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எழுதுங்க" என்றார்.

பெயர் வேறாயினும் ஆள் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் இருவரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தனர். அம்மையார் படித்த தொடக்கப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பிறந்த தேதிக்குச் சான்று பெற்றோம். விண்ணப்பம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாயிலாகச் சென்றது. சில மாதங்களில் ஏடு திருந்தியது. ஓய்வூதிய ஆணைக்கும் திருத்த ஆணை வந்தது.

பதக்கம் அத்துணை எளிதாக இல்லை. 'கிழக்கே பணியாற்றியதற்கு ஏட்டிற் குறிப்பில்லை' என்று முதல் மறுமொழி வந்தது. அப்பொழுது அம்மையார் தம் டிரங்குப் பெட்டியிலிருந்து ஓர் இன்லண்டு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். 1971 டிசம்பரிற் கணவர் எழுதியது. எந்த இடத்திலிருந்து எழுதுகிறோம் என்பதைப் போர்க்களத்துச் சிப்பாய் எழுதலாகாது. ஆதலால் கடிதத்தில் ஊர்ப் பெயர் இல்லை. மாடு கன்று ஈன்றதா, கூரை வேய்ந்தாயிற்றா என்ற விசாரணைகளே இருந்தன. ஆனால் அனுப்புநர் முகவரியில் அவருடைய எண்ணும், கிழக்குப் பகுதிப் படைத் தபாலுக்குரிய '99 ஏ.பி.ஓ.' என்ற குறிப்பும் இருந்தன. மேலே களத் தபால் நிலையத்தின் எண்ணோடும் நாளோடும் முத்திரை விழுந்திருந்தது. அந்த எண்ணுள்ள தபால் நிலையம் அந்த நாளில் எங்கே இருந்தது என்பது படையின் ஆவணங்களிலேயே இருக்குமன்றோ? கடிதம் மறைத்ததை முத்திரை சொல்லிற்று.

அம்மையாருக்கு அந்நாளில் எழுதப் படிக்கச் சரளமாக வாராது. பள்ளி ஆசிரியர் ஒருவர் படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, பத்திரப்படுத்தியிருக்கிறார். கடிதத்தின் நகலையும், அவரோடு இணைக்கப்பட்டிருந்த தோழர் ஒருவரின் உறுதிமொழியையும் சேர்த்து மீண்டும் விண்ணப்பித்தோம். மொத்தம் ஆறு கடிதங்கள், ஒன்றரை ஆண்டு. கடைசியிற் பதிவுத் தபாலில் ஒரு சிறு பொட்டலம் வந்தது. பெரியவர் பதக்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அதைத் திருப்பி, விரலால் தடவி, எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "நம்பர் சரியா இருக்கு, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

முதன்மையான ஏடு பேசாதபொழுது பக்கத்து ஏடுகளைப் பேச வைக்கும் இம்முறை, நாமாகக் கண்டதன்று. ஏடுகளைப் பெருந்தொகையாக இழந்த நாடுகள் இதனைப் பெரிய அளவிற் செய்திருக்கின்றன. முதல் உலகப் போரிற் பணிபுரிந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் ஏடுகளில் ஏறத்தாழ 60 சதவீதம், 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டுகளால் எரிந்து போயின. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பற்றியது. 1 கோடி 60 லட்சத்திலிருந்து 1 கோடி 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு 80 போயின. அவற்றுக்கு மறுபடிகளும் இல்லை. அதன்பின் அந்நாட்டார் சம்பளப் பட்டியல்களையும், மருத்துவமனைக் குறிப்புகளையும், பிற அலுவலகங்களிற் கிடந்த காகிதங்களையும் தேடித் திரட்டி, ஒவ்வொரு வீரருக்கும் பணி வரலாற்றை மீண்டும் கட்டி வருகிறார்கள். ஒரு காப்பகம் எரிந்த இடத்தில் இயலுமானால், ஒரு வரி விடுபட்ட இடத்தில் இயலாதா?

இத்தகைய முயற்சியில் இறங்குவோருக்கு என் அனுபவத்திற் கண்ட சில நெறிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு கடிதத்தில் ஒரு பொருளையே எழுதுக. பெயர்த் திருத்தம், பதக்கம், ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் ஒரே மனுவிற் கலந்தால், அது மூன்று மேசைகளுக்குச் சென்று மூன்றிலும் உறங்கும். இரண்டாவது, படை எண்ணை முதல் வரியில் எழுதுக. பெயரால் தேடும் ஏடு அன்று அது. எண்ணால் தேடும் ஏடு. மூன்றாவது, நகலை அனுப்புக. மூலத்தை ஒருபோதும் கைவிடாதீர். தபால் ரசீதை மனுவின் நகலோடு தைத்து வைக்க வேண்டும். நான்காவது, துன்பத்தை விரித்து எழுதாதீர். படிப்பவர் இரக்கமுள்ளவராயினும், இரக்கத்தைக் கொண்டு ஏட்டைத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை. அத்தாட்சி இருந்தால் அதிகாரம் உண்டு.

கிடைக்காத பதக்கமும் தொலைந்த பதக்கமும் வெவ்வேறு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். முன்னதற்கு உரிமையை நிலைநாட்ட வேண்டும். பின்னதற்கு முன்பே பெற்றதையும் தொலைந்ததையும் எழுத்திற் காட்ட வேண்டும். படை முகாம்களை அடுத்த கடைகளில் விற்கும் மாதிரிப் பதக்கத்தை வாங்கிச் சூட்டிக்கொள்வதால் மனம் ஆறலாம், ஏடு மாறாது.

தம்முடைய ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய, 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி செய்கிறது. அலுவலகங்களில் நியாயம் கிடைக்காவிடில், 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் அமர்வு சென்னையிலும் உண்டு. ஆயினும் காலம் கடத்தலாகாது. ஓய்வூதியம் பெறாமல் விலகியவர்களின் ஏடுகளை 25 ஆண்டு வைத்திருந்து அழித்துவிடுவது விதி. ஓய்வூதியம் பெறுவோருக்கோ 80 வயது நிறைந்தவுடன் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக உண்டு. 85-இல் அது 30 சதவீதமாகும். பிறந்த தேதி ஏட்டில் இல்லையானால் இந்த உயர்வு நின்றுவிடும். குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இது பொருந்தும். ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி முறைக்கு மாறியபின், பெயரிலுள்ள ஓர் எழுத்து வேறுபாட்டையும் இயந்திரம் பொறுத்துக்கொள்வதில்லை.

பட்டாளத்தார் வீட்டு இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனாரின் பெட்டியை அவர் உயிரோடிருக்கும்பொழுதே, அவர் அருகில் அமர்ந்து திறந்து பாருங்கள். பழைய கடிதங்களைக் குப்பை என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். படத்தின் பின்புறத்தில், நிற்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று அவர் வாயாற் கேட்டு எழுதிவையுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள பெயரையும் ஆதார் அட்டையில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பாட்டியாரின் பெயரை முதலில் ஒப்பிடுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். பிழை இருந்தால், திருத்தச் சொல்லிக் கையெழுத்திட வேண்டியவர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்.