மார்க்கத்தை விட்டு விலகுதல்: சட்டமும் நமது பொறுப்பும்

(நமது சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தத் தலைப்பைச் சொன்னபோது செயற்குழுவிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். "பொன்விழா மேடையில் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பேசலாம், நம் முன்னோர் மலாக்காவுக்கு வந்த கதையைப் பேசலாம். முர்தத் பற்றிய பேச்சு எதற்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பிள்ளைகள் இதைப் பற்றி ஏற்கனவே பேசிக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரியில் பிற சமயத்து நண்பர்கள் கேட்கிறார்கள், பிள்ளைகள் வீட்டுக்கு வந்து நம்மைக் கேட்கிறார்கள், நாம் பேச்சை மாற்றிவிடுகிறோம். அதைவிட இங்கே, ஆலிம்கள் முன்னிலையில், ஒளிக்காமல் பேசுவது நல்லது.

முதலில் நமக்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் காலமானார். பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை வெட்டி வாழ்ந்தவர். இளம் வயதில் கலிமா சொன்னவர். அடையாள அட்டையில் முஸ்லிம் பெயர் இருந்தது. ஆனால் அவர் வாழ்ந்ததெல்லாம் பழைய குடும்பத்தோடு, பழைய லயத்தில். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் முன்னால் நின்றவர் என்று அக்கம்பக்கத்தார் எல்லோரும் சொன்னார்கள்.

அன்று நாம் கபன் துணியோடு போய் நின்றோம். அவருடைய மகன் நீர்மாலைக்குக் குடம் எடுத்துக்கொண்டு நின்றார். அட்டையில் உள்ளபடிதான் நடக்க முடியும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஜனாஸா நம்மோடு வந்தது. அந்தப் பெரியவரின் மனைவி வாசலில் உட்கார்ந்தபடி நம்மைப் பார்த்துக் கேட்டார்: "இத்தனை வருசம் அவரு படுக்கையில கெடந்தப்ப ஒருத்தரும் வரலையே பாய், இன்னிக்கு மட்டும் எப்படி வந்தீங்க?"

நம்மிடம் பதில் இல்லை. திரும்பி வந்து சங்கத்தின் பழைய பதிவேட்டைப் புரட்டினோம். அவர் பெயர் இருந்தது. கலிமா சொன்ன தேதி இருந்தது. அதன் பிறகு ஒரு வரி கூட இல்லை. அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டுதான் இன்று பேசுகிறோம்.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மறைக்காமல் சொல்ல வேண்டியது முதலில் இது. நான்கு மத்ஹபுகளின் பழைய நூல்களிலும், புத்தி சுவாதீனத்தோடு சுயவிருப்பத்தில் மார்க்கத்தை விட்டு விலகி, தவ்பாவுக்கும் மறுக்கிற ஆணுக்கு மரண தண்டனை என்றே எழுதப்பட்டிருக்கிறது. இந்நாட்டில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் பெண்ணுக்கும் அதே சட்டம். நம் இராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றி வந்த ஹனஃபி மத்ஹபில் பெண்ணைக் கொல்லக் கூடாது, காவலில் வைக்க வேண்டும் என்பது சட்டம். தவ்பாவுக்கு மூன்று நாள் அவகாசம் தருவது பரவலான கருத்து. இப்ராஹீம் அந்நகஈ, சுஃப்யான் அஸ்ஸவ்ரி போன்ற முற்கால இமாம்கள், தவ்பா செய்யும்படி காலமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னதாகவும் நூல்களில் பதிவாகியிருக்கிறது. ஆகவே முற்காலத்திலேயே எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை.

தண்டனை உண்டு என்போர் காட்டும் ஆதாரங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, மார்க்கத்தை மாற்றிக்கொண்டவனைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்க, புகாரியில் இடம்பெற்ற ஹதீஸ். மற்றொன்று, ஒரு முஸ்லிமின் உயிர் பறிக்கப்படக்கூடிய மூன்று நிலைகளைச் சொல்லும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் ஹதீஸ். இரண்டாவது ஹதீஸில் மார்க்கத்தை விடுவதோடு ஜமாஅத்தைப் பிரிந்து செல்வதும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குர்ஆனைப் பார்ப்போம். அல்பகராவின் 256ஆம் வசனம் மார்க்க விஷயத்தில் கட்டாயப்படுத்தலை மறுக்கிறது. யூனுஸ் அத்தியாயத்தின் 99ஆம் வசனம், மனிதர்கள் ஈமான் கொள்ளும்வரை அவர்களை நிர்ப்பந்திப்பீரா என்று நபிகளாரையே கேட்கிறது. மார்க்கத்தை விட்டுத் திரும்பி அந்நிலையிலேயே இறப்பவரைப் பற்றி அல்பகரா 217 பேசுகிறது. அவருடைய நற்செயல்கள் அழிந்துவிடும், மறுமையில் தண்டனை உண்டு என்கிறது. அவரைக் கொல்லும்படி அங்கே கட்டளை இல்லை. அந்நிஸா 137, ஈமான் கொண்டு, மறுத்து, மீண்டும் ஈமான் கொண்டு, மீண்டும் மறுத்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. முதல் தடவையே உயிர் போயிருந்தால் இரண்டாம் தடவை ஏது என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள்.

நபிகளாரின் நடைமுறையையும் பாருங்கள். மதீனாவுக்கு வந்து பைஅத் செய்த ஒரு கிராமத்து அரபிக்குக் காய்ச்சல் கண்டது. பைஅத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மூன்று முறை கேட்டார். நாயகம் (ஸல்) மறுத்தார்கள். அவர் ஊரை விட்டுப் போனார். யாரும் அவரைத் துரத்திப் பிடிக்கவில்லை. இது புகாரியிலேயே உள்ளது. வஹீயை எழுதும் பணியில் இருந்து பிறகு விலகிப் போன அப்துல்லாஹ் பின் சஅத், மக்கா வெற்றியின்போது உஸ்மான் (ரலி) அவர்களின் பரிந்துரையால் மன்னிக்கப்பட்டார். பின்னாளில் எகிப்தின் ஆளுநரானார். உமர் (ரலி) அவர்களிடம் ஒரு முர்தத் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, மூன்று நாள் அடைத்து வைத்து, உணவு கொடுத்து, தவ்பா செய்யச் சொல்லியிருக்கக் கூடாதா என்று வருந்தி, அந்தச் செயலில் தமக்குப் பங்கில்லை என்று இறைவனிடம் முறையிட்டதாக இமாம் மாலிக்கின் முவத்தாவில் வருகிறது.

அப்படியானால் அந்த ஹதீஸ்களை எப்படிப் புரிந்துகொள்வது? இங்கேதான் இக்கால அறிஞர்கள் பிரிகிறார்கள். மௌலானா மௌதூதி பழைய சட்டத்தை ஆதரித்துத் தனி நூலே எழுதினார். அல்அஸ்ஹரின் தலைவராக இருந்த ஷேக் மஹ்மூத் ஷல்தூத், நிராகரிப்பு மட்டுமே ஒருவரின் உயிரைப் பறிக்கக் காரணமாகாது, முஸ்லிம்களுக்கு எதிரான பகைச் செயலே காரணமாகும் என்ற கருத்தை எடுத்துச் சொன்னார். ஈராக்கில் பிறந்த தாஹா ஜாபிர் அல்அல்வானியும், நம் கோலாலம்பூரில் பல்லாண்டு சட்டம் போதித்த பேராசிரியர் முஹம்மது ஹாஷிம் கமாலியும் தண்டனைக்கு எதிரான வாதங்களை விரிவாக எழுதியிருக்கிறார்கள். அக்காலத்தில் மார்க்கத்தை விடுவது என்றால் பெரும்பாலும் எதிரிப் படையில் போய்ச் சேருவது. ஆகவே அது இராஜத்துரோகத்துக்கான தண்டனை என்பது இவர்களுடைய வாதத்தின் சாரம். ஜமாஅத்தைப் பிரிவது என்ற சொல் இவர்களுக்குச் சான்றாகிறது. எதிர்த்தரப்பு ஆலிம்களோ, இத்தனை நூற்றாண்டு இமாம்கள் அந்தச் சொல்லை அப்படி விளங்கவில்லை என்கிறார்கள். இரு தரப்பிலும் கற்றோர் இருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகளிடம் சொல்ல நாம் அஞ்ச வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுச் சட்டம். மலேசியாவில் மதம் மாறியதற்காக மரண தண்டனை நடைமுறையில் இல்லை. கிளந்தான் 1993இல் இயற்றிய சட்டத்தில் அது இருந்தது, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. 1965ஆம் ஆண்டின் ஷரியா நீதிமன்றங்கள் குற்றவியல் அதிகாரச் சட்டப்படி, ஷரியா நீதிமன்றம் விதிக்கக்கூடிய உச்சத் தண்டனை மூன்று ஆண்டுச் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், ஆறு பிரம்படி. இஸ்லாம் மாநிலங்களின் அதிகாரத்தில் இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுகிறது. நம் மலாக்காவின் 1991ஆம் ஆண்டு ஷரியா குற்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இஸ்லாத்தை விட்டுவிட்டதாக வேண்டுமென்றே கூறுபவரை வழிகாட்டு மையத்தில் 180 நாள் வரை வைக்க இடமளிக்கிறது. எல்லையைத் தாண்டி நெகிரி செம்பிலானுக்குப் போனால் வேறு முறை. அங்கே ஷரியா உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆலோசனைக் காலத்துக்குப் பிறகு நீதிமன்றம் விலகலை அறிவிக்கவும் வழி உண்டு. ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் சட்டம் மாறிவிடுகிறது.

2007ஆம் ஆண்டை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு மே 30ஆம் தேதி லினா ஜாய் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடையாள அட்டையிலிருந்து இஸ்லாம் என்ற சொல்லை நீக்க ஷரியா நீதிமன்றத்தின் சான்று வேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள், ஒருவர் மாறுபட்டார். அதே ஆண்டில் நம் மலாக்காவிலேயே ஒரு தமிழ்ப் பெண்ணின் வழக்கு செய்திகளில் வந்தது. இஸ்லாத்தைத் தழுவிய பெற்றோருக்குப் பிறந்து, இந்துவான பாட்டியிடம் வளர்ந்து, இந்து முறைப்படி திருமணம் செய்தவர். தாம் இந்து என்று பதிவு பெற நீதிமன்றம் போனவர், உலு யாம் மையத்தில் 180 நாள் இருந்தார். கைக்குழந்தை கணவரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பெண்ணின் முஸ்லிம் தாயாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த மாதங்களில் மலாக்காத் தமிழர் வீடுகளில் வேறு பேச்சே இல்லை. நம் அண்டை வீட்டு இந்துக் குடும்பங்கள் நம்மிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டதும் உண்மை.

அதற்கு முன், 1997 எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்ற எம். மூர்த்தி 2005 டிசம்பரில் மறைந்தபோது, அவர் இஸ்லாத்தைத் தழுவியவரா என்பதில் சர்ச்சை எழுந்து, மனைவியின் எதிர்ப்பை மீறி முஸ்லிம் முறைப்படி அடக்கம் நடந்தது. ஒரு மாதம் கழியுமுன், 2006 ஜனவரியில், நெகிரி செம்பிலான் ஷரியா உயர் நீதிமன்றம் வேறு விதமாக நடந்தது. மலாய்க்காரராகப் பதிவாகி, பௌத்தராக வாழ்ந்து இறந்த 89 வயதுப் பாட்டியின் பிள்ளைகளிடம் சாட்சியம் கேட்டு, அவர் முஸ்லிமாக இறக்கவில்லை என்று அறிவித்தது. குடும்பமே அடக்கம் செய்தது. அதுவும் ஷரியா நீதிமன்றம்தான். 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், இஸ்லாத்தை விட்டு விலகுபவர் வேறு, ஆரம்பத்திலிருந்தே முஸ்லிமாக இராதவர் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள்.

இந்தப் பிரிவுதான் நம் தோட்டங்களுக்கு மிகவும் பொருந்துகிறது. நம்மிடம் வரும் வழக்குகளில் ஈமானைச் சுவைத்துப் பார்த்துவிட்டுப் பகைமையோடு விலகியவர் எத்தனை பேர்? கலிமாவின் பொருள் தெரியாமல் சொன்னவர், தகப்பன் பதிவு செய்ததால் பெயரளவில் முஸ்லிமானவர், வுளூ செய்யக்கூட யாரும் கற்றுக்கொடுக்காதவர், இவர்களே அதிகம். உள்ளே வராத ஒருவரை வெளியே போனவர் என்று எப்படிச் சொல்வது?

ஃபத்வா கொடுக்க நாம் முஃப்தி அல்ல. சட்டத்தை மாற்ற நாம் சட்டமன்றமும் அல்ல. ஆனால் நம் உள்ளத்தில் பட்டதைச் சொல்லலாம். பூட்டிய கதவுக்குப் பின்னால் பிறக்கும் சம்மதத்தை இறைவன் ஈமானாக ஏற்பானா? குர்ஆன் மிகக் கடுமையாகச் சாடுவது முனாஃபிக்கை, உதட்டில் ஒன்றும் உள்ளத்தில் ஒன்றுமாக வாழ்பவரை. ஒருவரைப் பயமுறுத்தி நம் வரிசையில் நிறுத்தினால், ஒரு முஸ்லிமைக் காப்பாற்றினோமா, ஒரு முனாஃபிக்கை உண்டாக்கினோமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பிள்ளை ஒருவர் விலகினால் நமக்கு வலிக்கும். வலிக்கத்தான் வேண்டும். அந்த வலிக்கு மருந்து துஆவும், பொறுமையும், திறந்திருக்கும் வீட்டு வாசலும்தான் என்று நம்புகிறோம்.

சபையோரே, நம் கையில் இருப்பதைச் செய்வோம். கலிமா சொல்ல வருபவரிடம், திருமணத்துக்காக வருபவரானாலும், அவர் கையெழுத்திடும் முன் இந்நாட்டுச் சட்டம் என்ன, பிள்ளைகளின் பதிவு என்னாகும், இறந்தால் அடக்கம் எப்படி என்பதைத் தமிழில் விளக்குவோம். அவருடைய தாய் தகப்பனுக்கு அவரே விஷயத்தைச் சொல்லும்படி வற்புறுத்துவோம். அடக்க வீட்டில் அதிர்ச்சி தருவது நபிவழி அல்ல. கலிமா சொன்னவரை மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்ப்போம். அவருடைய பழைய உறவுகளோடு உறவு வைப்போம். பெற்றோர் வேறு மார்க்கத்தவரானாலும் அவர்களோடு நல்லமுறையில் பழகச் சொல்லும் லுக்மான் அத்தியாயம் நமக்குத் தெரிந்ததே. விலக விரும்புகிறேன் என்று ஒருவர் வந்தால் ஏசாமல், ஊரைக் கூட்டாமல், ஒரு நல்ல ஆலிமையும் ஒரு வழக்கறிஞரையும் காட்டுவோம்.

மலாக்கா தங்கவேலைக்காரர் தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. சில எட்டு நடந்தால் பொய்யாத விநாயகர் கோயில். அருகிலேயே சீனர் கோயில். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து நம் முன்னோர் அங்கே பாங்கு சொல்லியிருக்கிறார்கள், பக்கத்தில் மணி அடித்திருக்கிறது. யார் வாசலுக்கும் யாரும் காவல் போட்டதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதில்லை.

பொன்விழாவை ஒட்டிச் சங்கம் ஒரு புதிய பதிவேட்டைத் தொடங்கியிருக்கிறது. கலிமா சொன்ன தேதிக்குக் கீழே பல வரிகள் காலியாக விடப்பட்டுள்ளன. போய்ப் பார்த்த நாள், கற்றுக்கொடுத்த பாடம், குடும்பத்தோடு பேசிய விவரம் எல்லாம் அங்கே எழுதப்பட வேண்டும். அடுத்த முறை லயத்து வாசலில் ஒரு தாய் அந்தக் கேள்வியைக் கேட்டால், நம்மிடம் பதில் இருக்க வேண்டும். அதற்கு இறைவன் நமக்குத் தவ்ஃபீக் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.