ஜெனரேட்டரைச் சோதிப்பது: புத்தளம் கரையில் கண்டதும் கேட்டதும்

(தோட்டக் குடும்பங்களுக்கான பாதுகாப்புக் கூட்டமொன்றில் நம் நிதியத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தக் குளிரில் வந்திருக்கிறீர்கள். நீட்டி முழக்காமல் பேசப் பார்க்கிறோம். ஜெனரேட்டர், அதாவது மின்பிறப்பாக்கி பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. "அது டீமேக்கர் ஐயாவோட வேலை, எஞ்சின் பாக்கிறவரோட வேலை, எங்களுக்கு என்னத்துக்கு?" என்று பின்னால் ஓர் அம்மா கேட்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலை நாங்கள் புத்தளம் கரையில்தான் கண்டோம்.

நம் லயங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் இன்றைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி, கற்பிட்டி என்று கரை நெடுக இறால் பண்ணை, உப்பளம், தென்னந்தோட்டம், ஹோட்டல். கொழுந்து மட்டும் பறித்தால் வயிறு நிறையாது என்ற நிலை வந்தபின் போகாமல் என்ன செய்வார்கள்? அப்படிப் போன ஒரு பையன் சம்பந்தமாகத்தான் நாங்களும் அங்கே போக வேண்டி வந்தது. பெயர் வேண்டாம். அவன் அம்மா இந்தக் கூட்டத்துக்கும் வந்திருக்கக்கூடும்.

பையன் ஓர் இறால் பண்ணையில் இராக் காவல். இறால் குளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? துடுப்பு வைத்த சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும். கரண்டில் ஓடுகிறது. அது அழகுக்கு இல்லை. பகலில் தண்ணீரில் உள்ள பாசி ஒட்சிசனை விடும். இரவில் அதே பாசி ஒட்சிசனை இழுக்கும். விடியுமுன்னே தண்ணீரில் ஒட்சிசன் மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் சக்கரம் நின்றால் இறால் மூச்சுக்குத் தவிக்கும்.

நின்றது. விடியற்காலை மூன்று மணிவாக்கில் கரண்ட் போனது. பையன் டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடி, சாவியைத் திருப்பினான். ஜெனரேட்டர் உடனே ஸ்டார்ட் ஆனது. அதில் ஒரு குறையுமில்லை. சுவிட்சை மாற்றிப் போட்டு எல்லாச் சக்கரங்களையும் அதன் தலையில் ஏற்றியபோதுதான், லொறி மேட்டில் திணறுகிற மாதிரித் திணறிக் கரும்புகை கக்கியது. கால் மணித்தியாலம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. விடிந்து பார்த்தால் இறால்கள் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன.

மெக்கானிக் வந்து பிரித்தார். டீசல் வடிகட்டி முழுக்கக் கறுப்புக் களி. தாங்கியின் அடியில் தண்ணீர். கடற்கரைக் காற்று ஈரம். அரைவாசி காலியாகக் கிடக்கும் தாங்கிக்குள் இரவில் அந்த ஈரம் வியர்த்து இறங்கும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து களி கட்டும். எஞ்சின் சும்மா ஓடும்போது கொஞ்சம் டீசல்தான் குடிக்கும், அடைப்பு தெரியாது. பாரம் ஏறி அதிகம் கேட்கும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

முதலாளி எங்களுக்கு ஒரு கொப்பியைக் காட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் "ஓடியது, சரி" என்று எழுதி, பையனுடைய கையெழுத்து. "பாருங்க, சரின்னு எழுதியிருக்கான், சரியா பாக்கல" என்றார். இரண்டு மாதச் சம்பளம் பிடிப்பு. பையனிடம் தனியே கேட்டோம். "டீசல் வீணாகும், ரெண்டு நிமிசம் ஓட்டிட்டு நிப்பாட்டுன்னு அவர்தான் சொன்னாரு" என்றான். அப்படிச் சொன்னது எங்கேயும் எழுத்தில் இல்லை. எழுத்தில் இருப்பது அவன் கையெழுத்து மட்டும்.

பேசிப் பேசி ஒரு மாதச் சம்பளத்தைத் திருப்பி வாங்கினோம். மற்ற மாதத்துக்குத் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம் என்றோம். பையன் "வேணாம், வேற வேலை தேடிக்கிறேன்" என்றுவிட்டான். அதில் எங்களுக்கு இன்னும் மனக்குறைதான்.

அவன் எழுதியது பொய்யில்லை. எஞ்சின் ஓடியது உண்மை. சுமையில்லாமல் ஓட்டியதைச் சோதனை என்று நினைத்ததுதான் பிழை. கூடையை வெறுமனே முதுகில் மாட்டிப் பார்த்துவிட்டு இருபது கிலோ தாங்கும் என்று சொல்வோமா?

உலகத்தில் பல ஆஸ்பத்திரிகளும் பெரிய கட்டடங்களும் அளவுகோலாக எடுக்கும் ஒரு விதி இருக்கிறது. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 110ஆம் இலக்க விதி. வாரத்துக்கு ஒருமுறை எஞ்சினைச் சுற்றிப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை, குறைந்தது 30 நிமிடம், அதன் சக்தியில் குறைந்தது 30 வீதம் சுமையேற்றி ஓட்ட வேண்டும் என்கிறது. 100 கிலோவாட் எஞ்சினுக்கு 30 கிலோவாட் சுமை. தீ விதியில் இதை ஏன் எழுதி வைத்தார்கள்? தீப்பற்றும்போது முதலில் போவது கரண்ட். புகைக்குள் வழி காட்டும் விளக்கும், தண்ணீர் இறைக்கும் பம்பும் அந்த எஞ்சினை நம்பித்தான் இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. டீசல் எஞ்சின் சுமையில்லாமல் ஓடினால் போதுமான சூடு ஏறாது. எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் எண்ணெய்க் களியாகப் படியும். மாதக்கணக்கில் படிந்திருக்க, ஒருநாள் முழுச் சுமை ஏறி எஞ்சின் கொதித்தால் அந்தக் களி குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளலாம். தீக்குப் பாதுகாப்பாக வைத்த எஞ்சினே தீயை மூட்டும். உங்கள் ஸ்டோரில் ஜெனரேட்டரின் புகைக்குழாய் மூட்டில் தார் மாதிரிக் கறுப்பாக ஒழுகியிருந்தால், அது சும்மா ஓட்டி நிறுத்துகிற எஞ்சினாக இருக்கக்கூடும்.

அந்தப் பண்ணையிலிருந்து வடக்கே போனால் கற்பிட்டித் தீபகற்பத்தில் நுரைச்சோலை. நிலக்கரி மின்நிலையம் இருக்கும் இடம். 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. முதலாவது 2011இல், மற்ற இரண்டும் 2014இல் வந்தன. நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் அதுதான். அவ்வளவு மின்சாரம் செய்கிற இடத்துக்கு ஜெனரேட்டர் எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம்.

2016 மார்ச் 13, 2020 ஆகஸ்ட் 17, 2025 பெப்ரவரி 9. இந்த மூன்று நாளும் நாடு முழுக்க இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 2020இல் கெரவலப்பிட்டி உபமின்நிலையத்தில் தொடங்கியது. 2025இல் பாணந்துறையில் ஒரு குரங்கு பட்டதாகச் சொன்னார்கள். தொடங்கிய இடம் எதுவானாலும் நுரைச்சோலையும் சேர்ந்து நின்றது. நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் பாரமான தண்டு அங்கே இருக்கிறது. கரண்ட் போன உடனே அது நிற்காது, வெகுநேரம் உருண்டுதான் ஓயும். அந்த நேரமெல்லாம் அதன் தாங்கிகளுக்கு எண்ணெய் போய்க்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் தேய்ந்து உருகிவிடும். ஓய்ந்த பிறகும் சூடான தண்டை மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்காவிட்டால் அது வளைந்துபோகும். அப்படிப்பட்ட நிலையங்களில் இந்த வேலைகளுக்குத்தான் பற்றரியும் அவசர டீசல் ஜெனரேட்டரும் வைக்கிறார்கள். அந்த நேரத்தில் அது ஓடாவிட்டால் நாட்டின் இயந்திரமே பழுது. திரும்ப எழுப்புவதற்கும் வெளியிலிருந்து கரண்ட் வர வேண்டும். 2020இலும் 2025இலும் வீடுகளுக்கு அன்றைக்கே கரண்ட் வந்துவிட்டது. நுரைச்சோலை சரியாக ஓட நாட்கள் பிடித்தன, அதனால்தான் முறை வைத்து வெட்டினார்கள்.

நாடு இருண்டால் முதலில் எழுப்பக்கூடியவை நீர்மின் நிலையங்கள்தான். லக்சபான, கொத்மலை, விக்டோரியா. காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் தேங்குகிற நம் மலைத் தண்ணீர்தான் லக்சபானவில் விழுகிறது. அந்த அணைகளுக்கு நிலம் கொடுத்த தோட்டங்களில் பிறந்தவர்கள் இங்கேயே சிலர் இருப்பீர்கள். கடற்கரையில் எழும்புகிற கரண்டுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, சோதனையிலேயே உள்ள ஆபத்துக்கு வருவோம். இதில்தான் உயிர் போகிறது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில் பலபேர் சின்ன ஜெனரேட்டர் வாங்கினார்கள். மழை நனையக்கூடாது என்று குசினிக்குள்ளேயும் விறாந்தையிலும் வைத்து ஓட்டினார்கள். அதன் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் அதே வாயு. மணமில்லை, நிறமில்லை. தலைவலி, வாந்தி, தூக்கம், பிறகு எழும்புவதில்லை. "அஞ்சு நிமிசம் ஓட்டிப் பாத்துட்டு நிப்பாட்டிடுவேன்" என்றாலும் வீட்டுக்குள் வேண்டாம். லயம் நீளமானது, ஒரே கூரை. ஒரு வீட்டுப் புகை மேலால் அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குப் போகும்.

அதே காலத்தில் கேனிலும் போத்தலிலும் டீசல், பெற்றோல் சேர்த்துக் கட்டிலுக்குக் கீழே வைத்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. பக்கத்தில் விறகடுப்பு. ஒரு காம்பிராவில் பற்றினால் லயமே போகும் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, கண்ணால் கண்டிருக்கிறீர்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது எண்ணெய் ஊற்றக்கூடாது. நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுங்கள்.

வீட்டு பிளக்கில் வயரைச் செருகி ஜெனரேட்டர் கரண்டை உள்ளே விடுவது பெரிய பாவம். அது வீட்டோடு நிற்காது. லைனில் ஏறி, டிரான்ஸ்போமருக்குப் பின்பக்கமாகப் போனால் 230 வோல்ட் 33,000 வோல்டாக மாறும். கம்பத்தில் ஏறியிருக்கிற மின்சார சபைத் தம்பி, லைன் செத்துக்கிடக்கிறது என்று நம்பித்தான் கை வைப்பார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேராதபடி மாற்றும் சுவிட்ச் இல்லாமல் ஓட்டவே கூடாது.

ஸ்டோர் விஷயத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். எஞ்சினின் சுழலும் பாகங்களுக்கும் பட்டிக்கும் வேலி போட்டிருக்க வேண்டும். சேலைத் தலைப்பையும் அவிழ்ந்த கூந்தலையும் பட்டி பார்த்து இழுப்பதில்லை. தீப்பற்றினால் தப்பிப் போக வழி இருக்க வேண்டும். ஆட்கள் உள்ளே இருக்கும்போது கதவை உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டக்கூடாது. தூள் திருட்டுப் போகும் என்று பின்கதவுக்குப் பூட்டுப் போடுகிற இடங்கள் உண்டு. எங்கே என்று நாங்கள் சொல்லவில்லை. இதையெல்லாம் பார்க்கிறவர் தொழில் திணைக்களத்தின் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர். அவர் வரும் நாளில் மட்டும் பூட்டைக் கழற்றுவது நமக்கு உதவாது. கரையில் ஹோட்டலில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: வியாபார உரிமம் கொடுக்கிற பிரதேச சபையிலும் போய்க் கேட்கலாம்.

இனி நம் ஸ்டோரில் மாதச் சோதனை நடக்கும் நாளில் என்ன கேட்கலாம்? கொழுந்து வாட்டும் தொட்டிகளின் மின்விசிறிகளை அதில் மாட்டி அரை மணித்தியாலம் ஓட்டச் சொல்லுங்கள். அதுதான் நல்ல சுமை. டீசலும் வீணாகாது, கொழுந்தும் வாடும். ஓட்டுமுன் தாங்கியின் அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணீர் இருந்தால் வடிக்க வேண்டும். பற்றரி முனையில் பூத்த உப்பைத் துடைக்க வேண்டும். கரையில் இது இரட்டிப்பு அவசியம்.

அப்புறம் அந்தக் கொப்பி. "ஓடியது, சரி" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை மணிக்கு ஸ்டார்ட், எத்தனை மணிக்கு நிறுத்தம், என்னென்ன மாட்டியது, எவ்வளவு டீசல், புகை என்ன நிறம், வித்தியாசமான சத்தம் ஏதும் உண்டா. இரண்டு நிமிடத்தில் நிறுத்தச் சொன்னால் "இன்னார் சொன்னபடி இரண்டு நிமிடத்தில் நிறுத்தினேன், சுமை இல்லை" என்று அதையும் எழுதுங்கள். எழுத்து வராதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கொண்டு ஒரு பிரதியை வீட்டுக் கொப்பியிலும் எழுதி வைக்கலாம். அந்தப் பையனிடம் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் நாங்கள் இரண்டு மாதச் சம்பளத்தையும் வாங்கியிருப்போம்.

கொப்பி வேண்டியவர்கள் கூட்டம் முடிந்து மேசைக்கு வாருங்கள். கோடு போட்டு, தலைப்பு எழுதி இருபது கொண்டுவந்திருக்கிறோம். கரையில் வேலை செய்கிற பிள்ளை உள்ள வீட்டுக்கு முதலில் கொடுக்கிறோம். அடுத்தமுறை அவன் லீவில் வரும்போது பையில் வைத்து அனுப்புங்கள்.