கருவி நம் கையில், விசை யார் கையில்?

(ஸ்பிரிங்வெளியில் தோட்ட இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



கையடக்கத் தொலைபேசியைப் பற்றிப் பொதுமேடையில் பேச என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். சம்பளத்தைப் பற்றிப் பேசலாம். காணியைப் பற்றிப் பேசலாம். லயத்துக்குப் பதில் வீடு எங்கே என்று கேட்கலாம். போனைப் பற்றிப் பேசுவானேன் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு பொருள் நம் மடியில் இருக்கும்போதே, நம்மைக் கேளாமல், கடல் கடந்த ஏதோவொரு நகரத்திலிருந்து அதன் நடத்தையை வேறொருவர் மாற்றிவிட முடியுமென்றால், அது கருவியைப் பற்றிய பேச்சாக மட்டும் இருக்க முடியாது; அதிகாரத்தைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. அதிகாரத்தைப் பற்றிப் பேசாத அரசியல் உண்டோ?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க நெடுநேரம் வேண்டியதில்லை. செக்ரோல் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். நாள் முழுவதும் மலையில் நின்று கொழுந்து பறித்தவள் ஒருத்தி. புத்தகத்தில் அவள் பேரை அரைப்பேராக்கியவர் இன்னொருவர். எழுதுகோல் ஓடிய அந்த வேளையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. சம்பளத்தன்றுதான் தெரியும். அதற்கும் முந்திய காலத்தில் துண்டு முறை என்ற ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்து, அதைத் தீர்த்தால் ஆளை விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதித் தரும் காகிதமே துண்டு. யாருடைய வாழ்வை அது கட்டிப்போட்டதோ, அவர்களிற் பெரும்பாலோர்க்கு அதை வாசிக்கத் தெரியாது. 1921 இல் சட்டத்தால் அது ஒழிந்தது. பின்னர், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. கொழும்பில் சில வரிகள் நிறைவேறின. மலைகளிலே இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். அந்தக் காயத்துக்கு முழு மருந்திட 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, "உங்களைக் கேளாமலே உங்கள் நிலை மாற்றப்பட்டது" என்ற வாக்கியத்தின் பொருளை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இனிக் கருவிக்கு வருவோம்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் புதிய சிம் அட்டையைப் போட்டவர்களுக்கு நினைவிருக்கும். சற்று நேரத்தில் ஒரு செய்தி வரும், "அமைப்புகள் வந்துள்ளன, சேமிக்கவா?" என்று கேட்கும். சில கருவிகள் இரகசிய எண் கேட்கும். 1234 என்று அழுத்தச் சொல்லிக் கடைக்காரத் தம்பி கற்றுக்கொடுத்திருப்பார். அழுத்தியதும் இணையம் வரும். வந்தது என்ன? நிறுவனத்தின் கணினி, எந்த வாசல் வழியாக இணையத்துக்குப் போக வேண்டுமென்ற விலாசத்தைக் காற்றின் வழியே அனுப்பி, நம் கருவிக்குள் எழுதிவிட்டது. வந்தது குறுந்தகவலாகத்தான். ஒரு குறுந்தகவல் 140 பைட் கொள்ளும் சிறு பொதி. மகன் அனுப்பும் நலவிசாரிப்பும் அதே பொதி. சிம் அட்டைக்கு இடும் கட்டளையும் அதே பொதி. முன்னது திரையில் தோன்றும். பின்னது தோன்றாமலே உள்ளே போய் வேலையை முடித்துவிடும். சிம் என்பது வெறும் தகடன்று, தானே ஒரு சிறு கணினி என்பதைப் பலர் அறியார். இப்போதைய கருவிகளோ இன்னும் ஒருபடி மேல்: அவை தம்மைச் செய்தவரின் கணினியை அடிக்கடி தாமே அழைத்து, "எனக்கு ஏதேனும் மாற்றம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. துரை பங்களாவுக்குத் தினமும் போய்க் கைகட்டி நிற்கும் கங்காணியைப் போல!

இவ்வசதி தீங்கில்லாதது என்பவர்கள் 2018 ஆம் ஆண்டைப் படிக்கட்டும். அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியாவில் இலட்சோப இலட்சம் பேர் தம் தொலைபேசிப் பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்துத் திகைத்தார்கள். ஆதார் ஆணையத்தின் பழைய உதவி எண் அதில் இருந்தது. அவர்கள் சேர்க்கவில்லை. ஆணையம், நாம் எவரிடமும் கேட்கவில்லை என்றது. இறுதியில் கூகுள் நிறுவனம் முன்வந்து, 2014 இல் இந்தியக் கருவிகளுக்கான தொடக்க அமைப்பு நிரலில் அந்த எண்ணைத் தாமே தவறுதலாகச் சேர்த்துவிட்டதாகவும், பழைய கருவியிலிருந்து புதிய கருவிக்குப் பட்டியல் மாறும்போது அதுவும் கூடவே போயிருக்கிறது என்றும் கூறி வருந்தியது. நான்காண்டுக் காலம் கோடிக்கணக்கான சட்டைப்பைகளில் அழையா விருந்தாளியாக ஓர் எண் இருந்திருக்கிறது.

அடுத்த மாதமே இன்னொன்று. செப்டம்பரில், ஆண்ட்ரொய்ட் 9 கொண்ட கருவிகள் பலவற்றில் பட்டரி சேமிப்பு விசை தானாகவே விழுந்துகிடந்தது. பட்டரியோ நிறைந்திருந்தது. உள்ளே நடத்திய ஒரு சோதனை தவறுதலாக வெளியாருக்கும் போய்விட்டது என்று கூகுள் விளக்கம் தந்து, விசைகளைப் பழைய நிலைக்கே திருப்பியதாக அறிவித்தது. திருப்பியதும் தொலைவிலிருந்தே! சிறு விஷயம் என்று சிரித்தவர்கள் பலர். ஆனால் அந்தச் சேமிப்பு விசை விழுந்தால், பின்னணியில் ஓடும் செயலிகள் மந்தமாகும்; செய்திகள் பிந்தி வரும். மழை விடாமல் பெய்யும் ஓர் இரவில் மேல் லயத்துப் பிள்ளைகள் வாட்ஸப் குழுவில் "மண் வெடிக்கிறது" என்று எழுதினால், கீழ் லயத்துக்கு அது எப்போது வந்து சேரும்?

இவை தவறுதலாக நடந்தவை என்றார்கள், ஏற்போம். வேண்டுமென்றே நடந்ததும் உண்டு. 2009 ஜூலையில் ஐக்கிய அரபு இராச்சியத்தில் எதிசலாத் நிறுவனம் தன் பிளாக்பெரி வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி அனுப்பியது. சேவையை மேம்படுத்தும் நிரல், ஏற்றிக்கொள்ளுங்கள் என்றது. ஏற்றினார்கள். சற்று நேரத்தில் பட்டரிகள் சூடேறி வற்றத் தொடங்கின. வல்லுநர்கள் பிரித்துப் பார்த்தபோது, அது மின்னஞ்சல்களை நகலெடுத்து வெளியே அனுப்பவல்ல உளவு நிரல் என்று கண்டார்கள். பிளாக்பெரியைச் செய்த நிறுவனமே, இது நமது மேம்பாடு அன்று என்று பகிரங்கமாக அறிவித்து, அதை நீக்கும் வழியையும் கொடுத்தது. உளவு வெளிப்பட்டது யாருடைய நேர்மையாலும் அன்று. அவ்வளவு கருவிகளும் ஒரே கணினியை ஒரே நேரத்தில் அழைத்து, பதில் கிடைக்காமல் மீண்டும் மீண்டும் அழைத்து, பட்டரியைத் தீர்த்ததால்! நம் மலைகளிலிருந்து அந்நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போன சகோதரிகள் எத்தனை பேர்! தாயோடு பேச அவர்களுக்கிருக்கும் ஒரே சாளரம் அந்தச் சிறு கருவிதானே.

நிறுவனங்களின் வேடத்தில் கள்வரும் வரலாம். 2019 செப்டம்பரில் செக் பொயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒன்றை வெளியிட்டார்கள். நாம் முன்னே சொன்ன அந்த "அமைப்புகள் வந்துள்ளன" செய்தியை எவரும் போலியாகச் செய்து அனுப்பலாம். ஏமாந்து "ஆம்" என்று அழுத்தினால், நம் இணையப் போக்குவரத்து கள்வன் வைத்த வாசல் வழியே திருப்பப்படும். சாம்சுங், ஹுவாவி, எல்.ஜி., சொனி ஆகியவற்றின் கருவிகள் இதற்கு உட்பட்டன. சாம்சுங் கருவிகள் சிலவற்றில் அனுப்பியவர் யார் என்ற சரிபார்ப்பே இருக்கவில்லை. சாம்சுங்கும் எல்.ஜி.யும் அவ்வாண்டே ஓட்டையை அடைத்தன.

எவ்வாறு அடைத்தன? அங்கேதான் கதையின் மறுபக்கம் இருக்கிறது. அதே காற்றின் வழியே மேம்பாடு அனுப்பித்தான்! ஆகவே, தொலைவிலிருந்து திருத்தும் வழியே வேண்டாம், அடைத்துவிடு என்று கூச்சலிடுவது அறியாமையாகும். நோய்க் கிருமியும் மருந்தும் ஒரே குழாயில் வருகின்றன. நம் இளைஞர்கள் கொழும்புக் கடைகளில் வேலை செய்து, தாம் பாவித்த பழைய கருவியை அம்மாவுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கருவி மேம்பாடு பெறும் வயதைக் கடந்திருக்கும். வசதியுள்ளவன் மருந்தைப் பெறுகிறான். தோட்டத்தாள் ஓட்டையோடு வாழ்கிறாள். மேம்பாடு வந்தாலும், ஒரு ஜிபி அளவில் அது இறங்கினால் அந்த டேட்டாவுக்கு ரீலோட் போடுவது யார்? 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் ஏறிய நாட்சம்பளமே 1,350 ரூபாவாகத்தான் இருந்தது. வைஃபை இருக்கும் வீட்டை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு, லயத்துக்குள் வரும்போது வரியாக மாறிவிடுகிறது.

இவ்வளவையும் நாம் இங்கே, நமுனுகுல மலையின் அடியில் நின்று பேசுவதற்கு ஒரு காரணமுண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் விழுங்கியது. அபாயம் உண்டென்று பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள். அறிவிப்பு மக்களை அசைக்கவில்லை, அசைவதற்கு இடமும் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மறுபடியும் சரிவுகளால் சிதைந்தது. இந்த மண்ணில், நள்ளிரவில் ஒரு கருவி அலறுவதும் அலறாதிருப்பதும் உயிர்ப் பிரச்சினை.

அலற வைக்கும் வழி இருக்கிறது. ஒவ்வோர் எண்ணாக அனுப்பாமல், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நொடியில் செய்தியை ஒலிபரப்பும் முறை அது. பெரட்டுக்குத் தப்படித்தால் மலை முழுதும் கேட்குமே, அதைப் போன்றது. யார் பெயரும் தேவையில்லை. இலங்கையில் 2009 ஆம் ஆண்டிலேயே அனர்த்த முகாமைத்துவ நிலையமும் டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து தொலைபேசி வழி எச்சரிக்கை வலையமைப்பொன்றைத் தொடங்கினார்கள். இந்தியாவில் 2023 இல் நடந்த சோதனைகளின்போது கருவிகள் ஓலமிட்டதை அங்குள்ள உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்த ஒலிபரப்பைக் கேட்பதற்கும் கருவிக்குள் ஒரு விசை இருக்கிறது. அது திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் யார் மூடியது? கடைக்காரரா, செய்தவரா, விளையாடிய குழந்தையா? பட்டரி சேமிப்பு விசையைத் தொலைவிலிருந்து தட்டிவிட முடிந்த உலகத்துக்கு, உயிர் காக்கும் விசையைத் திறந்து வைக்க ஏன் கை நீளவில்லை என்று கேட்கிறோம்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு குறுந்தகவல் 160 எழுத்தைத் தாங்கும். தமிழில் எழுதினாலோ அதே பொதியில் 70 குறிகளே அடங்கும். நம் கண்ணுக்கு ஆறெழுத்தாகத் தோன்றும் "ஸ்பிரிங்வெளி", புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால் பன்னிரண்டு குறிகளை விழுங்கிவிடும். தமிழ் எச்சரிக்கை நீண்டால் அனுப்புவோருக்கு இரண்டு, மூன்று பொதிகளாகும். இச்சிறு கணக்கைக் காட்டித் தமிழை விட்டுவிடுவதற்கு எவருக்கும் உரிமை கிடையாது. 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. பொதியின் அளவைப் பொறுத்து என்று அதில் எழுதியிருக்கவில்லை. சொல்லைச் சுருக்கி எழுதத் தெரிந்தவரை அந்த நாற்காலியில் அமர்த்தினால் 70 குறிகள் போதும். "மேலே மண்சரிவு. உடனே கோவிலுக்குப் போங்கள்" என்பதற்கு எத்தனை குறி வேண்டும்? எண்ணிப் பாருங்கள்; ஐம்பதைத் தாண்டாது.

ஆணைக்குழுவிடமும் நிறுவனங்களிடமும் நாம் கேட்பது பெரிதன்று. என் கருவியில் எதை மாற்றினாலும், மாற்றுமுன் என் மொழியில் கேள். உயிர்போகும் அவசரமென்றால் மாற்றிவிட்டு உடனே சொல். பிடிக்காவிட்டால் நானே பழைய நிலைக்குத் திருப்ப வழி வை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது மகிழ்ந்தோம். அதன் கண் தரவின் மீது இருக்கிறது. விசையின் மீதும் ஒரு கண் வேண்டும்.

கோபுரமே சாய்ந்தால் இதில் எதுவும் உதவாது என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் சொல்கிறார். உண்மை. புயலன்று பல இடங்களில் தொடர்பே அற்றுப்போயிற்று. அந்த வேளைக்குத் தப்புத்தான். அதை அடிக்கும் முறையை யாருக்கு ஒப்படைப்பது என்பதைத் தோட்டக் கமிட்டி இந்த மழைக்கு முன்னே தீர்மானிக்கட்டும்.

கூட்டம் கலையுமுன் ஒரு வேலை. அவரவர் கருவியில் அமைப்புகளைத் திறந்து, அவசர எச்சரிக்கை விசை திறந்திருக்கிறதா, பட்டரி சேமிப்பு விழுந்திருக்கிறதா, மேம்பாடு வைஃபையில் மட்டும் இறங்குமாறு வைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேளாமல் வரும் "அமைப்புகள்" செய்திக்கு "ஆம்" என்று அழுத்த வேண்டாம். தெரியாத பெரியவர்களுக்கு முன்வரிசைப் பிள்ளைகள் காட்டிக் கொடுப்பார்கள். மேல் லயத்து அம்மாமாரின் கருவிகளிலிருந்து தொடங்குவோம். சரிவு முதலில் வருவது அங்கேதான்.