மழை மாதங்களில் பள்ளிப் பிள்ளைகள்
(தீவுப் பெற்றோர்களுக்கு ஓர் உரை)



அக்டோபர் வந்தால் தமிழ்நாட்டில் மழைக்காலம் தொடங்கும். அந்தமானில் அப்படி இல்லை. இங்கே மே மாதமே மழை வந்து விடுகிறது. அது தென்மேற்குப் பருவமழை. அது ஓயும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. ஓர் ஆண்டில் இங்கே ஏறத்தாழ 3,000 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு.

அக்டோபர், நவம்பர், டிசம்பர். இந்த மூன்று மாதமும் பள்ளிக்கூடம் நடக்கும். மழையும் நடக்கும். இந்த மாதங்களில் பிள்ளைகளுக்கு என்ன வரும், பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? அதுதான் இன்றைய பேச்சு.

முதலில் வெளிச்சத்தைப் பார்ப்போம்.

இந்தியா முழுவதும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் சூரியன் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் மறைவதில்லை. அந்தமான் கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது. அதனால் சென்னையை விட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக இங்கே பொழுது சாய்கிறது. நவம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்து விடும். மேகம் கூடினால் நாலரைக்கே இருட்டு.

பள்ளி விட்ட பிள்ளை கொஞ்சம் விளையாடி விட்டு வீட்டுக்குக் கிளம்பும். அதற்குள் இருட்டி விடும். பாதையில் பாம்பு இருக்கலாம். ஓடையில் தண்ணீர் ஏறி இருக்கலாம். அதனால் "நாலு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும்" என்று பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. காலையில் ஐந்தரைக்கே நல்ல வெளிச்சம் வந்து விடுகிறது. மழை நாளில் மின்சாரம் அடிக்கடி போகும். வீட்டுப்பாடத்தைக் காலையில் எழுதினால் கண்ணுக்கும் நல்லது. மண்ணெண்ணெய் விளக்கும் வேண்டாம்.

அடுத்தது காய்ச்சல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உயிர் போகிற விஷயம்.

வடக்கு அந்தமானில் டிக்லிப்பூர் இருக்கிறது. நெல் விளையும் பகுதி. 1988 முதல் அங்கே ஒரு காய்ச்சல் பரவியது. ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் வந்தது. கடும் காய்ச்சல். உடம்பு வலி. சிலருக்கு இருமும்போது ரத்தம் வந்தது. சிலர் இறந்தார்கள். என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் "அந்தமான் ரத்தக் கசிவுக் காய்ச்சல்" என்று ஒரு பெயர் வைத்தார்கள்.

போர்ட் பிளேரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் மையம் ஒன்று இருக்கிறது. அங்கே உள்ள மருத்துவர்கள் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 1993-ல் உண்மை தெரிந்தது. அது புது நோய் அல்ல. எலிக்காய்ச்சல்தான். மருத்துவர்கள் அதை லெப்டோஸ்பைரோசிஸ் என்று சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெய்லர், கோயல் என்று இரண்டு மருத்துவர்கள். அந்தமானில் எலிக்காய்ச்சல் இருப்பதைப் பற்றி அவர்கள் 1931-லேயே எழுதி வைத்திருந்தார்கள். அறுபது ஆண்டுக்குப் பிறகு அதே நோயை மறுபடியும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டி இருந்தது!

இந்த நோய் எப்படி வருகிறது? எலியின் சிறுநீரில் ஒரு கிருமி இருக்கிறது. எலி மட்டும் அல்ல. மாடு, பன்றி, நாய் இவற்றின் சிறுநீரிலும் இருக்கலாம். அந்தச் சிறுநீர் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் கலக்கிறது. ஈரத்தில் கிருமி பல நாள் சாகாமல் இருக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு பிள்ளை வெறுங்காலோடு நடக்கிறது. காலில் சிறு கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போய் விடுகிறது. கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும்.

பள்ளிப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மழை பெய்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் கொள்வார்கள். புது ஷூ நனையக் கூடாது என்று அம்மாவே கழற்றச் சொல்வதும் உண்டு. ஷூ நனைந்தால் காய்ந்து விடும். கால்தான் முக்கியம். வயல் வழியாக, சேறு வழியாகப் போகிற பிள்ளைக்கு கம்பூட் இருந்தால் நல்லது. இல்லை என்றால் செருப்பாவது காலில் இருக்கட்டும். காலில் புண் இருந்தால் நனையாதபடி கட்டி அனுப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் காலை சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீரில் குளிக்க விடாதீர்கள்.

வீட்டில் அரிசியையும் மீந்த சோற்றையும் மூடி வையுங்கள். உணவு கிடைக்காத வீட்டில் எலி தங்காது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். பாட்டிலில் ஊற்றிப் பள்ளிக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

கிருமி உள்ளே போனதும் காய்ச்சல் வந்து விடாது. பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் சேற்றில் விளையாடியது மறந்து போகும். இங்கேதான் பலர் ஏமாந்து விடுகிறார்கள். காய்ச்சல் திடீரென்று வரும். தலை வலிக்கும். கெண்டைக்கால் தசை தொட்டாலே வலிக்கும். கண் சிவக்கும். இதை விட்டு விட்டால் மஞ்சள் காமாலை வரலாம். சிறுநீர் குறையலாம். இருமலில் ரத்தம் வரலாம்.

அதனால் மழை மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து விட்டு உட்கார்ந்து இருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். "பிள்ளை சேற்றுத் தண்ணீரில் நடந்தான்" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை மருத்துவருக்குப் பெரிய உதவி. எல்லாக் காய்ச்சலும் எலிக்காய்ச்சல் அல்ல. மலேரியாவாக இருக்கலாம். டெங்குவாக இருக்கலாம். ரத்தம் சோதித்துத்தான் சொல்ல முடியும். சீக்கிரம் போனால் எலிக்காய்ச்சலுக்கு நல்ல மருந்து உண்டு. பென்சிலின் போன்ற பழைய மருந்துகளே இதற்குப் போதும்.

வடக்கு அந்தமானில் இன்னொரு சோதனையும் நடந்தது. வாரம் ஒரு தடவை டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் கடுமையும் சாவும் குறைந்தன. ஆனால் கிருமி உள்ளே போவதை மாத்திரையால் தடுக்க முடியவில்லை. ஆகவே காலில் செருப்பு வேண்டாம், மாத்திரை போதும் என்று நினைக்கக் கூடாது. இந்த மாத்திரையைச் சிறு பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவும் கூடாது.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். முன்பு பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாயால் சொல்லி அனுப்பினீர்கள். அந்தப் பிள்ளை பாதி வழியில் மறந்து போகும். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். நாலு வரி போதும். இப்படி எழுதலாம்:

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் மகளுக்கு நேற்று இரவு முதல் காய்ச்சல். மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்கிறேன். இன்றும் நாளையும் விடுப்பு தர வேண்டுகிறேன்.

மேலே தேதி போடுங்கள். பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்து. கைநாட்டு வேண்டாம். எழுத்து கோணலாக இருந்தால் என்ன? ஆசிரியருக்குப் புரிந்தால் போதும். ஒரே வகுப்பில் நாலு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இப்படிச் சீட்டு வந்தால், ஆசிரியர் சுகாதார நிலையத்துக்குச் சொல்லலாம். ஊரில் நோய் பரவுவது அப்படித்தான் சீக்கிரம் தெரியும்.

பள்ளியில் இருந்தும் சீட்டு வரும். டைரியில் எழுதி அனுப்புவார்கள். தீவுகளில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் உண்டு. இந்தி வழியில், ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் டைரியில் தமிழ் இருக்காது. அப்போது என்ன செய்வது? தேதியும் நேரமும் எண்ணில்தான் இருக்கும். எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். முதலில் எண்ணைப் பாருங்கள். மற்றதைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லி, தமிழில் அர்த்தம் கேளுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.

பெயர்ப் பலகைகளும் மாறி வருகின்றன. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு 2018-ல் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர் வைத்தார்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. படிவத்தில் புதுப் பெயரைப் பார்த்து வேறு ஊர் என்று திகைக்க வேண்டாம்.

இனிப் புயல். வங்காள விரிகுடாவில் புயல் பிறக்கும் மாதங்கள் இவை. 2013 நவம்பரில் லெஹர் புயல் போர்ட் பிளேர் அருகே தீவுகளைக் கடந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் உருவான போது இங்கே கடும் மழை. படகும் கப்பலும் நின்றன. சுற்றுலா வந்தவர்கள் நூற்றுக் கணக்கில் ஹேவ்லாக்கிலும் நீலிலும் மாட்டிக் கொண்டார்கள். பிறகு கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்து வந்தன.

புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளிக்கு விடுமுறை விடலாம். வானொலியைக் கேளுங்கள். படகில் ஏறிப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காலையில் படகு ஓடும். மாலையில் நின்று போகலாம். அப்படி நின்றால் பிள்ளை யார் வீட்டில் தங்கும்? அதை இன்றே பேசி வையுங்கள். அந்த வீட்டுக்காரரின் போன் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் பையில் வையுங்கள். உங்கள் எண்ணும் இருக்கட்டும். 112 என்ற எண்ணும் இருக்கட்டும். அவசர உதவிக்கு அதுதான் எண். தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டால் நனையாது.

பூஜை விடுமுறையிலும் தீபாவளிக்கும் சிலர் சொந்த ஊருக்குப் போவார்கள். சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். விடுமுறை முடிகிற நாளில் வந்து சேரும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். புயல் வந்தால் கப்பல் தாமதமாகும். பிள்ளைக்கு ஒரு வாரப் பாடம் போய் விடும். பள்ளி திறக்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறிவிப்புப் பலகையில் பார்த்து எழுதிக் கொள்ளுங்கள்.

ஓடைகளில் முதலை உண்டு. உப்புநீர் முதலை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் பிள்ளை இறங்கக் கூடாது. பலகை இல்லாத ஓடையும் பத்திரம் என்று சொல்ல முடியாது. குறுக்கு வழி என்று ஓடையைக் கடக்க வேண்டாம்.

மதிய உணவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியது இல்லை. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இலவசம். மழை நாளிலும் பிள்ளை பள்ளிக்குப் போனால் சூடான சாப்பாடு கிடைக்கும்.

கடைசியாக ஒரு புதுச் செய்தி. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பிள்ளை வைத்திருப்பவர்கள் நன்றாகக் கேளுங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கல்வி. எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்று அந்தச் சட்டம் முதலில் சொன்னது. 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 டிசம்பரில் மைய அரசு புது விதி போட்டது. அந்தமான் நிக்கோபார் மைய அரசின் ஆட்சிப் பகுதி. அதனால் அந்த விதி இங்கே பொருந்தும்.

விதி இதுதான். ஆண்டு முடிவில் ஐந்திலும் எட்டிலும் தேர்வு உண்டு. தேறாத பிள்ளைக்குத் தனியாகப் பாடம் சொல்லித் தர வேண்டும். முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுபடி தேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறவில்லை என்றால் அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு. ஆனால் எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு அனுப்ப முடியாது. "உன் பிள்ளை பெயில், கூட்டிக் கொண்டு போ" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயந்து பிள்ளையை வேலைக்கு அனுப்பி விடாதீர்கள்.

தேர்வு மார்ச்சு மாதத்தை ஒட்டி வரும். ஆனால் பிள்ளை எதில் பின்தங்கி இருக்கிறது என்று இப்போதே கேட்கலாம். கணக்கா, வாசிப்பா? ஆசிரியர் சொல்வார். தேவைப்பட்டால் பெற்றோருக்கும் ஆசிரியர் வழி காட்ட வேண்டும் என்று அந்த விதியிலேயே இருக்கிறது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். வகுப்புக் கூரை ஒழுகுகிறதா? கழிப்பறையில் தண்ணீர் இல்லையா? பள்ளி வாசலில் சேறு தேங்குகிறதா? குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். சொன்னதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்து விட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.